ஒரு இன்னிங்ஸ்தானே என்று அனுப்பாதீர்கள்

போன செவ்வாய்க்கிழமை மாலை ஒருவர் தன் 14 வயது மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனுக்கு வலது முழங்கையின் உட்புறம் மூன்று வாரமாக வலி. கையை நீட்டச் சொன்னேன், முழுதாக நீளவில்லை. எத்தனை பேஸ்பால் டீமுக்கு ஆடுகிறான் என்று கேட்டேன். "ரெண்டு டீம் மேடம். ஆனா ஸ்டார்ட்டர் இல்ல, ரிலீவர்தான். ஒரு இன்னிங்ஸ்தானே போடுறான், அதுல என்ன ஆயிடப்போகுது?" என்றார் அப்பா.

இந்த சீசனில் இதே வார்த்தையை நான் கேட்பது ஐந்தாவது தடவை. அதில் மூன்று தமிழ்க் குடும்பங்கள். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

டெக்சஸில் 17 வருடமாக ஃபிசியோவாக வேலை பார்க்கிறேன். பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள், சீசன் முடிந்த மாதங்களில் மைனர் லீக் (மேஜர் லீக் என்ற உச்ச லீக்குக்குக் கீழ்ப்படிகள்) பிட்சர்களும், அதாவது பந்து வீசுகிறவர்களும் வருவார்கள். அந்தப் பெரியவர்களில் பாதிக்கு மேல் ரிலீவர்கள்தான். ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சர் களைத்ததும் நடுவில் வந்து வீசுகிறவர்கள். அவர்கள் தோளையும் முழங்கையையும் தொட்டுப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: ரிலீவர் வேலை கைக்கு ஓய்வு கிடையாது.

பேஸ்பாலில் "ஒரு இன்னிங்ஸ்" வீசுவது என்றால் எதிரணியில் மூன்று பேர் அவுட் ஆகும் வரை வீசுவது. அது ஸ்கோர்போர்டு காட்டும் கணக்கு. கை வைத்திருக்கும் கணக்கு வேறு. ஐந்தாவது இன்னிங்ஸில் கோச் கை காட்டுகிறார், பையன் எழுந்து ஓரமாகப் போய் 20 பந்து வீசி உடம்பைச் சூடேற்றிக்கொள்கிறான். ஆடுகிற பிட்சர் எப்படியோ தப்பிவிட்டார், இவனை உட்காரச் சொல்கிறார்கள். அரை மணி கழித்து மறுபடி எழுப்புகிறார்கள், இன்னொரு 15 பந்து. அப்புறம் உள்ளே கூப்பிடுகிறார்கள். பிட்சர் நின்று வீசும் மேட்டில் ஏறியதும் பழகிக்கொள்ள ஒரு எட்டுப் பந்து. அதன் பிறகுதான் ஆட்டத்தின் முதல் பந்து. ஸ்கோர் எழுதுகிறவர் 16 என்று எழுதுவார். கை வீசியது 60-ஐத் தொட்டிருக்கும். இதைவிட மோசம், இரண்டு தடவை எழுப்பிவிட்டுக் கடைசிவரை உள்ளே அனுப்பாத நாள். அன்றைக்குத் தாளில் பூஜ்யம். "நேத்து நீ ரெஸ்ட்ல இருந்தே, இன்னிக்கு ரெண்டு இன்னிங்ஸ் போடு" என்பார்கள் மறுநாள். எந்த ரெஸ்ட்?

இன்னொன்றும் உண்டு. ஸ்டார்ட்டர் ஐந்தாறு இன்னிங்ஸுக்குத் தன் பலத்தைப் பங்கு போட்டுச் செலவழிப்பார். ரிலீவர் முதல் பந்திலிருந்தே இருப்பதையெல்லாம் இறக்குவார், அதற்காகத்தான் அவரைக் கூப்பிடுகிறார்கள். அது முடிந்ததும் நம் பையனை மேட்டிலிருந்து இறக்கி கேட்சராக உட்கார வைத்துவிடுவார்கள். கேட்சர், அதாவது பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர், ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிய வேண்டும். அந்த எறிதலை யார் எண்ணுகிறார்கள்?

"நாங்கல்லாம் ஊர்ல காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் பௌலிங் போட்டோமே, எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார் அப்பா. இதுதான் எனக்கு உண்மையிலேயே பொறுக்காதது. ஐயா, நீங்கள் போட்டது கிரிக்கெட் பந்து. கிரிக்கெட்டில் பந்தை விடும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்று விதியே இருக்கிறது. நீண்ட கை தோளிலிருந்து சக்கரம் மாதிரி சுற்றி வருகிறது. வேகப்பந்து வீச்சாளர்கள் என்னிடம் வந்தால் இடுப்புக்கு மேலே முதுகெலும்பைத்தான் முதலில் பார்ப்பேன். பேஸ்பாலில் கதை வேறு. முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கியிருக்க, முன்கை பின்னால் சாய்ந்து கிடந்து, அங்கிருந்து முன்னால் சுண்டுகிறது. பெரியவர்களின் தோள் அந்தக் கணத்தில் வினாடிக்கு 7,000 டிகிரி வேகத்தில் திரும்புகிறது, மனித உடம்பின் அசைவுகளில் மிக வேகமானவற்றுள் ஒன்று அது. அப்போது முழங்கையின் உட்பக்கத்தைப் பிளக்கப் பார்க்கும் விசையைத் தாங்குவது எலும்பையும் எலும்பையும் கட்டிவைத்திருக்கும் ஒரு சிறிய நார், லிகமெண்ட் என்பார்கள். 14 வயதில் அந்த லிகமெண்ட் ஒட்டியிருக்கும் எலும்பு முனைகூட இன்னும் முழுதாகக் கூடியிருக்காது, நடுவில் வளரும் குருத்தெலும்பு இருக்கும். அதனால் பிள்ளைகளுக்கு நார் கிழிவதற்கு முன்பே அந்த வளர்ச்சிக் குருத்து பிரியத் தொடங்கிவிடும். இரண்டு முழங்கையையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டால்தான் தெரியும். நீங்கள் தெருவில் ஆடிய ஆட்டத்தை வைத்து உங்கள் பிள்ளையின் முழங்கையை அளக்காதீர்கள்.

அடுத்து, "டிவில பாருங்க மேடம், தினமும் வந்து போடுறாங்க." டிவியில் தெரிகிறவர்கள் தப்பிப் பிழைத்தவர்கள். ஒரு சாதாரண ரிலீவரின் பிழைப்பு எப்படி என்று தெரிந்தால் அதை மாதிரியாக வைத்துக்கொள்ள மாட்டீர்கள். ஆலிவர் டிரேக் என்ற ரிலீவர் 2018-இல் மில்வாக்கி, கிளீவ்லாந்து, ஏஞ்சல்ஸ், டொரன்டோ, மினசோட்டா என்று ஒரே சீசனில் ஐந்து மேஜர் லீக் அணிகளுக்கு வீசினார். நவீன பேஸ்பாலில் அப்படி ஆடிய முதல் ஆள் அவர். ஜெஸ்ஸி சாவேஸ் என்ற இன்னொரு ரிலீவரை, புது வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2002-இல் 42-ஆவது சுற்றில்தான் தேர்ந்தெடுத்தார்கள். 2008-இல் மேஜர் லீக்குக்கு வந்து 2025 வரை 18 சீசன், 9 அணிகள். 2021-இல் அட்லாண்டாவோடு உலகத் தொடர் வென்றார். மறு வருடமே சிகாகோ, அங்கிருந்து அட்லாண்டா, ஆகஸ்டில் ஏஞ்சல்ஸ், அந்த மாதக் கடைசியில் மறுபடி அட்லாண்டா. நான் மிக மதிக்கும் ஆள். ஆனால் 42-ஆவது சுற்றில் எடுத்த எத்தனை பேரை நீங்கள் டிவியில் பார்த்திருக்கிறீர்கள்?

இந்த அலைச்சலுக்குக் காரணம் விதிகள். 26 பேர் கொண்ட பட்டியலில் நேற்று நிறைய வீசிவிட்ட ரிலீவரால் இன்றைக்குப் பயன் இல்லை. அவருக்கு 'ஆப்ஷன்', அதாவது கீழே அனுப்ப அணிக்கு இருக்கும் உரிமை, மிச்சமிருந்தால் மைனர் லீக்கின் மேல்படியான டிரிபிள்-ஏ அணிக்கு அனுப்பிவிட்டுப் புதுக் கை ஒன்றைக் கொண்டுவருவார்கள். மூன்று சீசன்களில் இப்படி அனுப்பலாம், ஒரு சீசனுக்கு ஐந்து தடவை வரை. ஆப்ஷன் தீர்ந்தவரைப் பட்டியலிலிருந்தே நீக்குவார்கள். ஏழு நாளுக்குள் வேறு அணி எடுக்க வேண்டும், இல்லையென்றால் மைனர் லீக் அல்லது வீடு. 2025-இல் மேஜர் லீக்கில் குறைந்தபட்சச் சம்பளம் வருடத்துக்கு 760,000 டாலர், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4,000. டிரிபிள்-ஏ-வில் குறைந்தபட்சச் சம்பளம் 2023 ஒப்பந்தப்படி வருடம் முழுவதற்கும் 35,800 டாலர். மேலே ஒன்பது நாள் இருந்தால் கீழே ஒரு வருடம் வாங்குவதைச் சம்பாதித்துவிடலாம். இதைத் தெரிந்துகொண்டால்தான் இவர்கள் ஏன் வலியை மறைக்கிறார்கள் என்பது புரியும்.

சில வருடத்துக்கு முன் 31 வயது ரிலீவர் ஒருவர் என்னிடம் வந்தார். 43 நாள் மேஜர் லீக்கில் இருந்துவிட்டால் ஓய்வூதியத்துக்குத் தகுதி வந்துவிடும், அவருக்கு 39 நாள் ஆகியிருந்தது. முழங்கை வலித்தது. சொன்னால் அனுப்பிவிடுவார்கள் என்று மறைத்து வீசினார். வேகம் குறைந்தது, இரண்டு ஆட்டம் அடி வாங்கினார், சும்மாவே கீழே அனுப்பினார்கள். கீழே மூன்றாவது ஆட்டத்தில் நார் கிழிந்தது. உண்மையில், காயம்பட்டவரை விதிப்படி கீழே அனுப்பவே கூடாது. மேலே இருக்கும்போதே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் மேஜர் லீக்கின் காயப்பட்டியலில் வைத்திருக்க வேண்டும், அங்கே படுத்துக் கிடக்கும் நாளும் மேஜர் லீக்கில் இருந்த நாளாகச் சேரும். அந்த நான்கு நாள் மருத்துவ அறையிலேயே கிடைத்திருக்கும். அவர் மேலே திரும்பிப் போகவே இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு மனசு ஆறவில்லை. தொழில்முறை பிட்சர் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து, மேலே இருக்கும்போது சொல்லுங்கள்.

இனி, முழங்கை நார் கிழிந்தால் செய்யும் 'டாமி ஜான்' ஆபரேஷனுக்கு வருகிறேன். "டாமி ஜான் பண்ணிக்கிட்டா முன்னைவிட ஸ்பீடு கூடுமாமே?" என்று நல்ல கையோடு இருக்கும் பிள்ளைக்காகக் கேட்ட பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். கூடாது. திரும்பவும் எழுதுகிறேன், கூடாது. 1974 செப்டம்பரில் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாட்ஜர்ஸ் அணியின் டாமி ஜானுக்கு இதைச் செய்தபோது தேறுவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்புத்தான் என்று நினைத்தார். மற்றக் கையின் மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு நாணை எடுத்து, எலும்பில் துளை போட்டுக் கோத்துக் கட்டினார். டாமி ஜான் 1975 முழுக்க வீசவில்லை, 1976-இல் திரும்பினார், 1989 வரை ஆடினார். அது கிழிந்ததைச் சரிசெய்து கொடுத்த சிகிச்சை. புது இயந்திரம் பொருத்தியது அல்ல. சிலருக்கு வேகம் கூடியதாகத் தோன்றுவது ஏன்? ஒரு வருடத்துக்கு மேல் காலும் இடுப்பும் தோளும் ஒழுங்காகப் பயிற்சி பெறுகின்றன, முன்பு கிழிந்த நாரோடு மெதுவாக வீசியதோடு ஒப்பிடுகிறார்கள், சின்ன வயசு என்றால் அந்த இடைவெளியில் பையன் நாலு அங்குலம் வளர்ந்திருப்பான். அதே பயிற்சியைக் கத்தி வைக்காமலே கொடுக்கலாமே! அதைச் செய்யத்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆபரேஷன் ஆனவர்கள் எல்லோரும் திரும்பிவிடுவதில்லை. இரண்டாவது தடவை என்றால் இன்னும் கடினம். ஜானி வென்டர்ஸ் என்ற அட்லாண்டா ரிலீவரை என் நோயாளிகள் எல்லோருக்கும் சொல்வேன். 2005-இல், மைனர் லீக்கில் இருக்கும்போதே முதல் ஆபரேஷன். 2010-இல் மேலே வந்து 79 ஆட்டம், 2011-இல் 85 ஆட்டம், அந்த வருடம் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். 2012-இல் 66. மூன்று வருடத்தில் 230 ஆட்டம், எல்லாம் ஒரு இன்னிங்ஸ், ஒரு இன்னிங்ஸாகத்தான். 2013-இல் இரண்டாவது ஆபரேஷன், 2014-இல் மூன்றாவது, 2016-இல் அதே முழங்கையில் இன்னொரு பழுது. 2018 ஏப்ரலில் மறுபடி மேஜர் லீக் மேட்டில் ஏறினார். அவருடைய மன உறுதிக்கு முன்னால் தலை வணங்குகிறேன். ஆனால் இடையில் போன அந்த ஐந்து சீசன் ஒரு பிட்சரின் நல்ல வயசு.

பெற்றோருக்கு. மேஜர் லீக்கும் யூஎஸ்ஏ பேஸ்பாலும் 2014-இல் வெளியிட்ட 'பிட்ச் ஸ்மார்ட்' அளவுகளை அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். 11-12 வயதுக்கு ஒரு நாளைக்கு 85 பந்துதான் உச்சம், 13-14-க்கு 95. 13-14 வயதில் 20 பந்து தாண்டினாலே ஒரு நாள் ஓய்வு, 66 ஆனால் நான்கு நாள். இது ஆட்டத்தில் வீசியதற்கு மட்டுமான கணக்கு, ஓரத்தில் சூடேற்றியதை நீங்கள்தான் எண்ணி எழுத வேண்டும். இரண்டு டீம் என்றால் இரண்டு கோச்சுக்கும் ஒரே நோட்டு. ஒரு கோச்சுக்குத் தெரியாமல் இன்னொருவரிடம் அனுப்புவது பிள்ளைக்குச் செய்கிற கெடுதல். வருடத்தில் நான்கு மாதம் எறிதலே வேண்டாம், அதில் இரண்டு மூன்று மாதமாவது தொடர்ச்சியாக. கால்பந்து ஆடட்டும், நீந்தட்டும். பிட்ச் செய்த ஆட்டத்தில் கேட்சராக உட்காரக் கூடாது.

வலி மாத்திரை கொடுத்து மேட்டுக்கு அனுப்பாதீர்கள். வலி வரும் முன்பே அடையாளம் தெரியும்: பந்து உயரமாகப் போகத் தொடங்கும், வேகம் விழும், பையன் இரண்டு பந்துக்கு நடுவில் கையை உதறுவான். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். கை சோர்ந்தபின் வழக்கமாக வீசிக்கொண்டிருந்த வளரிளம் பிட்சர்களுக்கு ஆபரேஷன் தேவைப்படும் வாய்ப்பு 36 மடங்கு என்று அலபாமாவின் அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனத்தின் ஆய்வு 2006-இல் சொன்னது. 36 மடங்கு. இத்தனை பெரிய எண்ணை என் தொழிலில் நான் அதிகம் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை வந்த பையனிடம் அப்பா வண்டி எடுக்கப் போன நேரத்தில் தனியாகக் கேட்டேன். "மூணு வாரம் இல்ல ஆன்ட்டி, மார்ச்ல இருந்தே வலிக்குது. சொன்னா என் இடத்துக்கு வேற பையனைப் போட்டுடுவாங்க" என்றான். அவன் சம்மதத்தோடு அப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. எக்ஸ்ரேயில் வளர்ச்சிக் குருத்து லேசாக விலகியிருந்தது. எலும்பு டாக்டர் பார்த்துவிட்டார், ஆபரேஷன் தேவையில்லை, குறைந்தது ஆறு வாரம் பந்தைத் தொடக் கூடாது. என் அறையிலிருந்தே இரண்டு கோச்சுக்கும் போன் பண்ணுங்கள் என்றேன். ஒருவரிடம் பேசினார். இன்னொருவரிடம் வீட்டுக்குப் போய்ப் பேசுவதாகச் சொன்னார். வருகிற வியாழக்கிழமை மறுபடி வருகிறார்கள், உள்ளே நுழைந்ததும் முதலில் அதைத்தான் கேட்பேன்.