மத்தியானம் ஆனால் சர்பத் ஏன் இனிக்கிறது?

அண்ணாச்சி கடையில் சர்பத்துக்குப் பாகை அளந்து ஊற்ற நான் பொருத்திக் கொடுத்த மிஷின் காலை முழுக்க ஒழுங்காகத்தான் ஓடியது. மதியம் ஒரு மணிக்கு மேல் சர்பத் இனிக்க ஆரம்பித்துவிட்டது. “தம்பி, வெயில் ஏற ஏற ஒங்க மிஷினு சீனியக் கூட்டிப் போடுதே” என்று போன் வந்தது. பாளையங்கோட்டையில் சித்திரை மாத வெயில். போய்க் குடித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். பட்டனில் மாற்றமில்லை, வால்விலும் இல்லை. காலையில் திறந்த அதே ஒன்றரை நொடிதான் மதியமும் திறந்து மூடுகிறது. ஆனால் தம்ளரில் விழும் நன்னாரிப் பாகு மட்டும் 30 மில்லியில் நிற்காமல் 40-ஐத் தாண்டியிருந்தது.

இது எப்படி நடக்கிறது என்பதற்கு, முதலில் அந்த வால்வைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கட்டைவிரல் பருமனில் ஒரு செம்புக் கம்பிச் சுருள், காயில் என்பார்கள். அதன் நடுவே மேலும் கீழும் நகரும் சின்ன இரும்புத் தண்டு. தண்டின் முனையில் ரப்பர் வாஷர், தலைக்கு மேல் ஒரு ஸ்பிரிங். மின்சாரம் இல்லாதபோது ஸ்பிரிங் தண்டை அழுத்தி, வாஷர் துளையை அடைத்துக்கொள்கிறது. காயிலில் 12 வோல்ட் கொடுத்ததும் அது காந்தமாகித் தண்டை மேலே இழுக்கிறது, பாகு இறங்குகிறது. கரண்ட் போனால் தானாக மூடிக்கொள்ளும். மின்வெட்டில் ஒரு தொட்டிப் பாகும் தரையில் ஓடாமல் காப்பது அந்தச் சின்ன ஸ்பிரிங்தான். இதற்குச் சோலினாய்டு வால்வு என்று பெயர்.

கடையில் கிடைக்கிறதே என்று வாஷிங் மெஷினில் வரும் வால்வை வாங்கி மாட்டினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நானும் முதலில் அதைத்தான் மாட்டினேன். காயில் ‘டக்’ என்று சத்தம் போட்டது, ஒரு சொட்டும் இறங்கவில்லை. அந்த வகை வால்வில் காந்தம் ஊசித்துளை போன்ற ஒரு சிறு வழியை மட்டுமே திறக்கும். பெரிய வழியை மூடியிருக்கும் ரப்பர்த் தகட்டைத் தூக்கிவிடுவது குழாய்த் தண்ணீரின் அழுத்தம். மாடித் தொட்டியிலிருந்து வேகமாக வரும் தண்ணீருக்கு அது பொருந்தும். மேசைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் உட்கார்ந்திருக்கும் பாகுப் பாத்திரத்துக்கு அந்த அழுத்தம் ஏது? அழுத்தமே இல்லாவிட்டாலும் நேரடியாகத் திறக்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

சரி, வால்வு திறந்தாயிற்று. எவ்வளவு இறங்கும்?

எங்கள் வயல் கன்னடியன் கால்வாய்ப் பாசனம். மடைப் பலகையை ஒரு சாண் தூக்கிவிட்டால், கால்வாய் நிறைந்து ஓடும் நாளில் சீக்கிரம் பாய்ந்துவிடும். தண்ணீர் இறங்கிய நாளில் அதே ஒரு சாண் திறப்புக்கு அரை நாள் காத்துக் கிடக்க வேண்டும். துளை ஒன்றுதான், மேலே நிற்கும் நீரின் உயரம்தான் வேறு. 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் டாரிசெல்லி இதற்குக் கணக்குச் சொன்னார்: துளையில் பீறிடும் வேகம் நீர்மட்ட உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 40 சென்டிமீட்டர் உயரம் நின்றால் நொடிக்கு 2.8 மீட்டர் வேகம். மட்டம் 10 சென்டிமீட்டருக்கு இறங்கினால் 1.4 மீட்டர். உயரம் கால் பங்கானால் வேகம் பாதி.

இது தண்ணீருக்கு. பாகு தண்ணீரைப் போல ஓடாது. மெல்லிய குழாயில் அது ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் ஏடுகளைப் போல நகர்கிறது. அங்கே ஆட்சி செய்வது பாகுநிலை, அதாவது ஓடவிடாமல் இழுக்கும் கெட்டித்தன்மை. பெயரிலேயே பாகு இருக்கிறது. பாகுநிலை பாதியானால் ஓட்டம் இரட்டிப்பு. குழாயின் விட்டத்துக்கு இருக்கும் செல்வாக்கு இன்னும் பெரியது: விட்டத்தைப் பாதியாக்கினால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

பத்துப் பங்கில் ஆறு பங்கு சீனி கரைந்த பாகு, 20 டிகிரியில் தண்ணீரைவிடச் சுமார் 58 மடங்கு கெட்டி. 30 டிகிரிக்கு வந்தால், அதே 20 டிகிரித் தண்ணீரோடு ஒப்பிட, அதன் கெட்டி ஏறத்தாழ 34 மடங்காகிவிடும், 40 டிகிரியில் இன்னும் இளகும். திருநெல்வேலியில் கோடையில் விடியற்காலைக்கும் உச்சிவெயிலுக்கும் உள்ள வித்தியாசமே பாகை இந்த அளவு இளக்கப் போதும். ஒன்றரை நொடி என்பது மாறவில்லை, பாகு மாறிவிட்டது.

அப்புறம் ஏன் காலை முழுக்க எல்லாம் சரியாக இருந்தது? இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. வெயில் ஏற ஏறப் பாகு இளகி வேகமாக ஓடப் பார்க்கிறது. அதே நேரம் வியாபாரம் நடக்க நடக்கப் பாத்திரத்தில் மட்டம் இறங்கி, ஓட்டத்தைக் குறைக்கிறது. இரண்டு பிழையும் எதிரெதிராக இழுத்து ஒன்றையொன்று மறைத்துவிட்டன. பன்னிரண்டரை மணிக்கு அண்ணாச்சி பாத்திரத்தை விளிம்பு வரை நிரப்பினார். இப்போது மட்டமும் உயரம், பாகும் இளக்கம். இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டன.

நேரத்தை வைத்து அளக்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அண்ணாச்சி கையால் ஊற்றும்போது அவர் நொடி எண்ணுவதில்லை. கண் தம்ளரில் இருக்கும், கோடு வரை வந்ததும் மணிக்கட்டு திரும்பும். மிஷினுக்கும் அந்தக் கண் வேண்டும்.

தண்ணீருக்கு ஃப்ளோ சென்சார் போதும். உள்ளே சின்னச் சக்கரம், அதில் காந்தம். ஒவ்வொரு சுற்றுக்கும் மின் துடிப்பு. பரவலாகக் கிடைக்கும் சென்சார் ஒரு லிட்டருக்குச் சுமார் 450 துடிப்பு தரும், அதாவது துடிப்புக்கு இரண்டு மில்லிக்குச் சற்று மேல். 150 மில்லி தண்ணீருக்கு இது தாராளம். 30 மில்லி பாகுக்கோ பதின்மூன்று துடிப்புதான் கிடைக்கும், அதுவும் கெட்டிப் பாகில் சக்கரம் தயங்கித் தயங்கிச் சுற்றும். ஆகவே பாகை எடை போட்டுவிடுவது நல்லது.

தம்ளர் வைக்கும் தட்டுக்கு அடியில் லோடு செல் என்ற அலுமினியத் துண்டு இருக்கிறது. எடை ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதன்மேல் ஒட்டிய மெல்லிய உலோக இழைகள் நீண்டு, மின்தடை துளி மாறுகிறது. அந்த மாற்றம் சில மில்லிவோல்ட்தான். பெருக்கி எண்ணாக்கித் தர இதற்கென்றே சிப் உண்டு. 30 மில்லி பாகு சுமார் 39 கிராம். 39 வந்ததும் வால்வை மூடு, அவ்வளவுதான். பாகு கெட்டியா இளக்கமா, பாத்திரம் நிறைந்திருக்கிறதா காலியா என்ற கவலையே மிஷினுக்கு இல்லை.

ஆனால் 39-இல் மூடச் சொன்னால் 41-இல் நிற்கிறது. காற்றில் விழுந்துகொண்டிருக்கும் தாரைதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். அது பாதி தவறு. தம்ளரில் மோதும் தாரை தட்டை அழுத்துகிறது, அந்த அழுத்தம் இன்னும் வந்து சேராத பாகின் எடையை ஏறத்தாழ ஈடுகட்டிவிடுகிறது! தராசு வருங்காலத்தையும் சேர்த்தே காட்டுகிறது. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு அழகு. நிஜமான தாமதம் வேறு இடங்களில் ஒளிந்திருக்கிறது. சிப் நொடிக்குப் பத்து முறை மட்டும் படித்தால், ஒரு படிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு மில்லி இறங்கிவிடும். அதை நொடிக்கு 80 முறை படிக்கும்படி மாற்றலாம். அடுத்தது காயில். கரண்டை நிறுத்தினாலும் அதன் காந்தம் உடனே சாகாது. அப்படிச் சாகும்போது எதிர்ப்பக்கமாக எழும் உயர் வோல்ட், காயிலுக்குக் கரண்டைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும் என்பதால், குறுக்கே ஒரு பக்கம் மட்டும் கரண்ட் விடும் டயோடு போடுகிறோம். அந்த டயோடு கரண்டை மெதுவாக வடியவிடுவதால் வால்வு மூடுவது இன்னும் தாமதமாகும். பாதுகாப்புக்கு நாம் கொடுக்கும் விலை அது. கடைசியாக, குழாய் மூக்கில் தொங்கி நின்று விழும் ஒரு சொட்டு.

இவை எல்லாம் ஒவ்வொரு தம்ளருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் என்பது நம் நல்ல காலம். எனவே மிஷின் 37-லேயே மூடிவிட்டு, தட்டு அமைதியானபின் எவ்வளவு நின்றது என்று பார்க்கிறது. கூடினால் அடுத்த தம்ளருக்கு இன்னும் கொஞ்சம் முன்னால் மூடும், குறைந்தால் பின்னால். பாகு இளக இளக இந்த எண் தானாக நகர்ந்துகொண்டே போகும். போர்டில் அந்த எண்ணைத் திரையில் காட்டும்படி வைத்தேன். காலையில் 37.6, மதியம் 36.1. வெயில் ஏறுவதைத் தெர்மாமீட்டர் இல்லாமலே பார்க்கலாம்.

கோலி சோடாவை மட்டும் மிஷினிடம் விடவில்லை. அழுத்தத்தில் கரைந்திருக்கும் வாயு, வால்வின் குறுகிய துளையைத் தாண்டியதும் நுரையாகப் பொங்கும். அதை அண்ணாச்சியே உடைத்து, தம்ளரைச் சாய்த்து ஊற்றுகிறார்.

காயில் சூட்டையும் கவனிக்க வேண்டியிருந்தது. ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லை டவுனில் கடை போட்டபோது கூட்டம் விடவில்லை, வால்வு ஓயாமல் வேலை செய்தது. செம்பு 50 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் மின்தடை சுமார் 20 சதவீதம் கூடும். இழுவிசை அதைவிட அதிகமாகக் குறைந்து தண்டு பாதியில் நிற்கும். தண்டைத் தூக்கத்தான் முழுக் கரண்ட் தேவை, தூக்கியபின் பிடித்து வைக்கப் பாதி போதும். அப்படி மாற்றியபின் காயிலைக் கையால் தொட முடிந்தது.

ராத்திரி கடை அடைக்குமுன் குழாயில் வெந்நீர் விட்டுக் கழுவ வேண்டும். ஒரு நாள் விட்டால் வாஷரின் விளிம்பில் சீனி உறைந்து, மணல் துகள் போல அதைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். காலையில் தட்டில் பாகு சொட்டியிருக்கும், எறும்பு வரிசை கட்டியிருக்கும்.

எலுமிச்சைச் சாற்றுக்கு இதே ஏற்பாடுதான், 6 கிராம். புளியங்குடியிலிருந்து வரும் பழம் ஒவ்வொரு மூட்டைக்கும் புளிப்பில் மாறும், அதைச் சொல்லும் சென்சார் எங்களிடம் இல்லை. காலையில் முதல் தம்ளரை அண்ணாச்சி குடிப்பார். கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்து, “இன்னைக்கு ஏழா வச்சுக்கிடுங்க தம்பி” என்பார். ஏழு என்று அழுத்திவிட்டு நான் வேலைக்குக் கிளம்புவேன்.