உங்களுக்கு நீச்சல் தெரியுமா?

அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவை ஒட்டிய ஒரு பொது நீச்சல் குளத்தில் 11 ஆண்டுகளாகக் கற்றுத்தருகிறேன். பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்களிடம் வயது என்ன, ஆஸ்துமா உண்டா, வலிப்பு வந்திருக்கிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியாக ஒன்று கேட்பேன்: "உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" படிவத்தில் அந்தக் கேள்வி கிடையாது, நானாகச் சேர்த்துக்கொண்டது. ஐடி வேலைக்கு வந்த நம்மூர் அம்மாக்கள், "ஊர்ல ஆறு இருந்துச்சு, பொண்ணுன்னு என்னை இறங்க விடல" என்பார்கள். கறுப்பினத் தாய்மார்கள் பலர் சிரித்துக்கொண்டே, "எங்க ஆளுங்களுக்கும் தண்ணிக்கும் ஒத்துவராது" என்பார்கள்.

அந்தச் சிரிப்புதான் என்னைப் படுத்துகிறது.

நான் ஏன் பெற்றோரைக் கேட்கிறேன் என்றால், பெற்றோருக்கு நீச்சல் தெரியாத வீட்டில் பிள்ளை கற்றுக்கொள்ளும் வாய்ப்பு 19 சதவீதம்தான் என்று அமெரிக்க நீச்சல் அமைப்பின் அறக்கட்டளை 2017இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. வீடு, நிலம்போல இதுவும் வாரிசுக்குப் போகிறது. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2024இல் தந்த கணக்குப்படி, நீச்சல் தெரியாத பெரியவர்கள் நாடு முழுக்க 15 சதவீதம், கறுப்பினத்தவரில் 37 சதவீதம். நீச்சல் குளங்களில் மூழ்கி இறக்கும் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளை எடுத்தால், கறுப்பினப் பிள்ளைகளின் இறப்பு விகிதம் வெள்ளையினப் பிள்ளைகளைவிட ஏழு மடங்குக்கும் மேல்.

உடம்புவாகு அப்படி என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. 1987இல் அல் கேம்பனிஸ் என்ற பேஸ்பால் அணி நிர்வாகி, கறுப்பினத்தவருக்கு மிதக்கும் தன்மை இல்லை என்று தொலைக்காட்சியிலேயே சொல்லி வேலையை இழந்தார். அடுத்த ஆண்டே சியோல் ஒலிம்பிக்கில் சுரிநாம் நாட்டின் கறுப்பின வீரர் ஆண்டனி நெஸ்டி, 100 மீட்டர் பட்டர்ஃபிளை நீச்சலில் அமெரிக்காவின் மேட் பியாண்டியை 0.01 நொடியில் முந்தித் தங்கம் வாங்கினார். நுரையீரல் நிறைய மூச்சை இழுத்து, காது நனையும்வரை தலையைத் தண்ணீரில் சாய்த்து மல்லாந்தால் அநேகமாக எல்லாரும் மிதப்பார்கள். தசை மிகுந்தவர்களுக்குக் கால் கொஞ்சம் தாழும், அவ்வளவுதான். ஆளை அமுக்குவது பயம். பயந்தவர் தலையைத் தூக்குவார். தலை ஏறினால் இடுப்பு இறங்கும்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரத்துக்குப் போன ஐரோப்பியர்கள், அங்குள்ளவர்கள் நீந்துவதைப் பார்த்து வியந்து எழுதி வைத்திருக்கிறார்கள். அடிமையாக்கிய பிறகு, மூழ்கிய கப்பலிலிருந்து சரக்கு எடுக்க அவர்களைத்தான் கடலுக்குள் இறக்கினார்கள். அப்படிப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளைக் கரையில் நிறுத்தி வைத்தது 20ஆம் நூற்றாண்டு. 1919இல் சிகாகோவில், மிச்சிகன் ஏரியில், கண்ணுக்குத் தெரியாத 'வெள்ளையர் எல்லை'யைத் தாண்டி மிதந்துபோன 17 வயதுக் கறுப்பினப் பையன் கல்லடிக்கு ஆளாகி மூழ்கி இறந்தான். அதையொட்டிய கலவரத்தில் 38 பேர் செத்தார்கள். 1949இல் செயின்ட் லூயிஸ் நகரம் தன் பொதுக் குளங்களை எல்லாருக்கும் திறந்தது. முதல் நாளே வெள்ளையர் கூட்டம் திரண்டு அடித்தது, மறுநாள் மேயர் பழையபடி பிரித்துவிட்டார். 1964 ஜூனில் ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில், விடுதிக் குளத்துக்குள் இறங்கிப் போராடியவர்கள் இருக்கும்போதே அதன் உரிமையாளர் அமிலத்தை ஊற்றினார். அந்தப் புகைப்படத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது.

பிரிவினை கூடாது என்று நீதிமன்றம் சொன்ன பிறகும் குளம் கிடைத்துவிடவில்லை. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம், சேர்ந்து நீந்துவதைவிட மூடிவிடலாம் என்று முடிவெடுத்தது. 1971இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில், அது செல்லும் என்றது. இப்படிப் பொதுக் குளங்கள் மூடப்பட, வசதியுள்ள வெள்ளையர்கள் புறநகரில் உறுப்பினர் மட்டும் நுழையும் கிளப்புகளைக் கட்டிக்கொண்டார்கள். எந்தக் கிணற்றில் யார் இறங்கலாம், எந்தத் துறையில் யார் குளிக்கலாம் என்று கணக்கு வைத்திருந்த ஊர்களிலிருந்து வந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

என் சனிக்கிழமை வகுப்பில் 61 வயது கறுப்பினப் பெண்மணி ஒருவர் இருக்கிறார். சின்ன வயதில் குட்டைப் பக்கம் போனாலே அம்மா அடிப்பாராம். அந்த அம்மா வளர்ந்த தென் மாநில ஊரில் நீந்தப் போன பையன்கள் திரும்பி வராத கதைகள் உண்டு. அடித்தது பிள்ளையைக் காப்பாற்றத்தான். காப்பாற்றிய அதே அடிதான் அடுத்த தலைமுறையை ஆபத்தில் விட்டது.

அந்த 1971இலேதான் பிலடெல்ஃபியாவில் ஜிம் எல்லிஸ் என்ற ஆசிரியர், நகராட்சிக் குளத்தில் கறுப்பினப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு நீச்சல் அணியைத் தொடங்கினார். நைஸ்டவுன் பகுதியின் மார்கஸ் ஃபாஸ்டர் மையத்தில் வளர்ந்து, ஒலிம்பிக் தகுதிப் போட்டிவரை ஆட்களை அனுப்பிய அணி அது. அவரை வைத்து 2007இல் 'பிரைட்' என்று படம் எடுத்தார்கள், டெரன்ஸ் ஹோவர்ட் நடித்தது. என் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். கண் கலங்கும், கைதட்டுவார்கள். எனக்கு ஒரு குறை உண்டு: விளையாட்டுப் படம் என்றாலே கடைசிப் போட்டியில் கதையை முடித்தாக வேண்டும். எல்லிஸ் செய்தது அதைவிடச் சலிப்பான வேலை. பல பத்தாண்டுகள் அதே குளோரின் வாசனையில் நின்று, அதே 'காலை அடி, மூச்சை விடு' என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் படமாக எடுக்க முடியாது, சரி.

படம் வந்து இரண்டே ஆண்டில், 2009இல், அதே பிலடெல்ஃபியாவின் புறநகர் கிளப் ஒன்று, பணம் கட்டி வந்த கோடை முகாம் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியது. பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் பிள்ளைகள். வழக்காகி, கிளப்பே திவாலானது.

கறுப்பின நீச்சல் வீரர் கல்லன் ஜோன்ஸ் ஐந்து வயதில் பென்சில்வேனியாவின் ஒரு நீர்ப் பூங்காவில் மூழ்கப் பார்த்தவர். அவருடைய அம்மா இனித் தண்ணீர்ப் பக்கமே போகாதே என்று சொல்லவில்லை, நேரே நீச்சல் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தார். 2008 பெய்ஜிங்கில் தொடர் நீச்சலில் தங்கம் வாங்கினார் மகன். பதக்கத்தை விடுங்கள், அந்த அம்மா எடுத்த முடிவைப் பாருங்கள்.

அப்புறம், என் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்கிற சில விஷயங்கள். மூழ்குகிற பிள்ளை சினிமாவில் வருவதுபோல் கத்தாது, கையை ஆட்டாது. மூச்சு விடவே வழியில்லாத வாயிலிருந்து சத்தம் எப்படி வரும்? நிமிர்ந்த நிலையில், தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்கும். ஒரு நிமிடத்துக்குள் கீழே போய்விடும். கைபேசியைப் பார்த்துக்கொண்டு காவல் இருக்க முடியாது.

இன்னொன்று, மூழ்குகிறவரைக் காப்பாற்ற நீங்களும் குதிக்காதீர்கள். 2010 ஆகஸ்டில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் ரெட் ஆற்றில் ஒரு பையன் ஆழத்தில் கால் வைத்துவிட்டான். காப்பாற்றப் போனவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கி, பதின்ம வயதினர் ஆறு பேர் இறந்தார்கள். யாருக்கும் நீச்சல் தெரியாது. கரையில் நின்ற குடும்பத்தாருக்கும் தெரியாது. நம்மூர்க் குவாரிகளிலும் இப்படித்தான் அண்ணன் தம்பிகள் சேர்ந்து போகிறார்கள். கயிறு, கம்பு, புடவை, காலி கேன் எதையாவது நீட்டுங்கள், எறியுங்கள். வெளியே எடுத்த பிள்ளைக்கு மூச்சில்லை என்றால் முதல் வேலை வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுப்பது. வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிறேன் என்று நேரத்தை வீணாக்காதீர்கள்.

தலைமுடியைச் சொல்லாமல் விட்டால் என் மாணவிகள் சும்மா விடமாட்டார்கள். சுருள் முடிக்குக் குளோரின் எதிரி, அதற்காகவே வகுப்பை விட்டவர்கள் உண்டு. அடர்ந்த கூந்தலுக்கான பெரிய தொப்பியை 2021இல் உலக நீச்சல் கூட்டமைப்பு மறுத்து, கண்டனத்துக்குப் பிறகு 2022இல்தான் ஏற்றது. இறங்கும் முன் தலையை நல்ல தண்ணீரில் நனைத்து, கொஞ்சம் கண்டிஷனர் தடவித் தொப்பி போடுங்கள். ஏற்கெனவே நனைந்த முடி குளோரினைக் குறைவாகத்தான் உறிஞ்சும். நீண்ட கூந்தல் நம் பெண்களுக்கும் இதேதான்.

போன மாதம் அந்த 61 வயதுக்காரர் தன் பேத்தியைச் சேர்க்க அழைத்து வந்தார். பழக்கதோஷத்தில் அவரிடமும் கேட்டுவிட்டேன். "மிதப்பேன்," என்றார். "சுவரை விட்டு மூன்றடி வரைக்கும்."