காக்டெயிலா, சன் கனூரா? கிளி வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம்

கீழக்கரையில் என் நண்பரின் மகன் ஒருவன் இருக்கிறான், பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சை முடிந்தால் கிளி வாங்கித் தருவதாக அவன் வாப்பா வாக்குக் கொடுத்திருந்தார். ஒரு நாள் கடைத்தெருவில் என்னை நிறுத்தி, "மாமா, காக்டெயில் வாங்கவா, சன் கனூர் வாங்கவா? ரெண்டும் வேண்டாம்னா பனங்காட்டுல பச்சைக்கிளிக் குஞ்சு எடுத்து வச்சிருக்காங்களாம், சல்லிசா தர்றாங்களாம்" என்றான்.

மூன்றையும் ஒரே தட்டில் வைத்து, விலையை மட்டும் பார்த்துக் கேட்கிறான். பச்சைக்கிளி நம் நாட்டுப் பறவை, மற்ற இரண்டும் வெளிநாட்டுக் கிளிகள். சட்டம் மூன்றையும் மூன்று விதமாகப் பார்க்கிறது. பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். சன் கனூரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அரசிடம் பதிய வேண்டும். காக்டெயிலுக்குப் பதிவு வேண்டாம். வித்தியாசம் அவ்வளவுதான் என்றாலும், அது தெரியாமல் பணத்தைக் கொடுத்து வம்பை வாங்கியவர்கள் நம் பக்கம் நிறையப் பேர்.

முதலில் பச்சைக்கிளி. நம் கரையோரத்தில் மண்டை போன மொட்டைப் பனைகள்தான் அதற்கு வீடு. சாயல்குடிப் பக்கம் மார்கழி, தை மாதங்களில் போனால் மொட்டைப் பனை உச்சியில் பச்சையாக ஒரு தலை எட்டிப் பார்ப்பதைக் காணலாம். இறக்கை முளைக்காத குஞ்சைப் பொந்துக்குள் கைவிட்டு எடுத்து, அட்டைப் பெட்டியில் வைத்து விற்பது இங்கே பல காலமாக நடக்கிறது. என் பாட்டி வீட்டிலும் அப்படி ஒரு கிளி இருந்தது. 'கழுத்தில் ஆரம் வந்தால்தான் பேசும்' என்று சொல்லிச் சொல்லியே அதைக் கூண்டில் வைத்திருந்தோம். ஆரம் வரவே இல்லை. ஆண் கிளிக்குத்தான் ஆரம் வரும், அதற்கும் இரண்டு மூன்று வருஷம் ஆகும் என்பதும், எங்களுடையது பெட்டை என்பதும் பின்னால்தான் தெரிந்தது.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்குத் துப்பாக்கி தேவையில்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, கூட்டைக் கலைப்பது, முட்டை எடுப்பது எல்லாமே வேட்டைதான். உள்நாட்டுப் பறவைகளை உயிரோடு விற்கும் வியாபாரத்தை 1990களின் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள். இந்தச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆறாக இருந்த உயிரினப் பட்டியல்கள், அதாவது அட்டவணைகள், நான்காயின. முன்பு நான்காம் அட்டவணையில் இருந்த பச்சைக்கிளி இப்போது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பது, விற்பது, வாங்குவது, கூண்டில் வைப்பது எதற்கும் அனுமதி இல்லை. மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். திருத்தத்துக்கு முன்பு அந்த அபராதம் இருபத்தைந்தாயிரமாக இருந்தது.

நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரருக்கு இதை விளக்க ஒரே வார்த்தை போதும்: கடல் அட்டை. கடலடியில் ஊரும் அந்த உயிரினத்தைப் பிடிப்பதை 2001-ல் தடை செய்ததும் இதே சட்டம்தான். மண்டபத்தில் கடல் அட்டை மூட்டை பிடிபட்டால் வழக்குப் போடுகிற அதே வனத்துறைதான், பச்சைக்கிளி பிடிபட்டாலும் போடும். கடல் அட்டை என்றால் நடுங்குகிற வீட்டில், வாசலில் கிளிக் கூண்டு தொங்கிக்கொண்டிருக்கும். பழக்கம் கண்ணை மறைக்கிறது, வேறென்ன. கோயில் வாசலில் சீட்டு எடுக்கும் ஜோசியக் கிளிக்கும் சட்டத்தில் தனி விலக்கு ஏதும் கிடையாது.

இன்னொரு கதை உண்டு. 'இது பச்சை இல்லை சார், நீலம். ஃபாரின் ரிங்நெக்' என்பார்கள். நீலம், மஞ்சள், வெள்ளை என்று எந்த நிறத்தில் இருந்தாலும் அது அதே பச்சைக்கிளி இனம்தான், நிறம் மட்டும்தான் வேறு. அட்டவணையில் எழுதியிருப்பது இனத்தின் பெயர், நிறத்தின் பெயர் இல்லை. தோளில் சிவப்புத் திட்டோடு பெரிதாக இருக்கும் அலெக்சாண்டிரின் கிளியும் உள்நாட்டு இனம்தான். இந்த இரண்டையும் எந்தப் பெயரில் விற்றாலும் நான் தொடமாட்டேன், உங்களையும் தொடச் சொல்லமாட்டேன்.

ஏற்கெனவே வீட்டில் பச்சைக்கிளி இருந்தால்? திறந்து பறக்கவிட்டுவிடாதீர்கள். கையில் வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது, இறக்கை வேறு வெட்டியிருப்பார்கள். கால் மணி நேரத்தில் காக்கைகள் கொத்திவிடும். ராமநாதபுரத்தில் வன உயிரினக் காப்பாளர் அலுவலகம் இருக்கிறது. மண்டபத்திலும் கீழக்கரையிலும் வனச்சரக அலுவலகங்கள் இருக்கின்றன. நீங்களே கொண்டுபோய் ஒப்படைப்பது ஒன்று, யாரோ புகார் சொல்லி அவர்கள் வருவது வேறு. 2023-ல் தமிழ்நாட்டின் சில மாவட்டங்களில் வனத்துறையே கெடு வைத்து, அதற்குள் கிளிகளைக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொன்னது.

சரி, வெளிநாட்டுக் கிளிகளுக்கு வருவோம். குழப்பமெல்லாம் இங்கேதான்.

அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த சைட்டிஸ் என்று ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியா 1976-லிருந்து அதில் உறுப்பு நாடு. கிளி வகைகளில் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒப்பந்தத்தின் பின்னிணைப்புகளில் உண்டு. விடுபட்டவை நான்கே நான்கு: பட்ஜி, காக்டெயில், ரோஜா முக லவ் பேர்ட், அப்புறம் நம் பச்சைக்கிளி. பன்னாட்டுப் பட்டியலில் இல்லாத பச்சைக்கிளியை நம் நாட்டுச் சட்டம் காப்பாற்றுகிறது. மற்ற மூன்றும் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. அதனால்தான் காக்டெயிலுக்குப் பதிவு தேவையில்லை.

2022 திருத்தம் இந்த சைட்டிஸ் பட்டியலை அப்படியே நம் சட்டத்தின் புதிய நான்காம் அட்டவணையாக்கியது. அதில் உள்ள எந்த உயிருள்ள விலங்கையும் பறவையையும் வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 49எம் பிரிவு. எப்படிப் பதிவது என்பதற்கான விதிகள் 2024 பிப்ரவரி 28 அன்று வந்தன. அதற்கு முன்பே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாதம், அதாவது 2024 ஆகஸ்ட் 28 வரை கெடு. அது முடிந்துவிட்டது. இனிமேல் வாங்குகிறவர்களுக்குப் பறவை கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள்.

'நான்தான் 2020-லேயே தெரிவித்துவிட்டேனே' என்று சிலர் சொல்கிறார்கள். அந்த ஆண்டு ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்பவர்கள் தாமாக முன்வந்து சொன்னால் ஆவணம் கேட்கமாட்டோம் என்று ஒரு வாய்ப்புத் தந்தது. அது சட்டப்படியான இந்தப் பதிவுக்கு முந்தியது. அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பறவை முறையாக வந்ததற்கு அது ஆதாரம். ஆனால் அதுவே பதிவு ஆகிவிடாது.

சன் கனூர் சைட்டிஸின் இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கிறது. தென் அமெரிக்காவின் வடகிழக்கில், கயானா, வடக்கு பிரேசில் பக்கத்துப் பறவை. கூண்டுக்காகப் பிடித்துப் பிடித்தே காட்டில் அருகிவிட்டது. ஆக, இதைப் பதிய வேண்டும். விண்ணப்பம் மத்திய அரசின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில். அது மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குப் போகும். உங்கள் அடையாள அட்டை, முகவரி, பறவையின் படம், யாரிடம் வாங்கினீர்கள் என்பதற்கான பில், கால் வளைய எண் இவற்றை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். இனத்தின் பெயர் கேட்கும் இடத்தில் 'சன் கனூர்' போதாது, அறிவியல் பெயர் வேண்டும்: அராடிங்கா சோல்ஸ்டிடியாலிஸ். இதைக் கடைக்காரர் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள். 2018-ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி கடைக்காரரே மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். அந்தச் சான்றைக் கேட்பதில் தப்பில்லை.

கால் வளையத்தைப் பற்றி ஒன்று. வாங்கும்போது பறவையைக் கையில் எடுத்து வளையத்தைச் சுற்றிப் பாருங்கள். குஞ்சு பொரித்துச் சில நாட்களுக்குள் பாதத்தின் வழியாக நுழைத்துவிடும் மூடிய வளையத்தில் இணைப்பே இருக்காது. பாதம் வளர்ந்த பின் அதை மாட்டவும் முடியாது, கழற்றவும் முடியாது. வெட்டி வளைத்து மாட்டியது என்றால் ஓர் இடத்தில் கோடு தெரியும். கோடு தெரிந்தால் அந்தப் பறவை கூண்டில் பிறந்தது என்பதற்கு வளையம் சாட்சி ஆகாது.

பதிவோடு வேலை முடிவதில்லை. பறவையை வேறொருவருக்குக் கொடுத்தால், அது குஞ்சு பொரித்தால், இறந்துபோனால், எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும். சோடி போட்டு விற்று நாலு காசு பார்க்கலாம் என்று கனூர் வாங்குகிறவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். ஒவ்வொரு குஞ்சுக்கும் கணக்கு உண்டு.

லவ் பேர்ட்ஸ் விஷயத்தில் ஒரு பெயர்க் குழப்பம் வேறு. நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பதில் முக்கால்வாசி பட்ஜிதான். அதற்குப் பதிவு இல்லை. உண்மையான லவ் பேர்டை 'ஆப்பிரிக்கன்' என்று சொல்லி விற்பார்கள். அதில் ரோஜா முகத்துக்குப் பதிவு இல்லை. பச்சை உடம்பும், ஆரஞ்சு முகமும், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுமாக இருக்கும் ஃபிஷருக்குப் பதிவு உண்டு. பக்கத்துப் பக்கத்துக் கூண்டு, கிட்டத்தட்ட ஒரே விலை, சட்டம் மட்டும் வேறு.

பையன் அடுத்து இன்னொன்று கேட்டான். "காக்கா துபாய்லேருந்து வர்றாங்க, ஒரு கிரே பேரட் கொண்டாரச் சொல்லவா?" காக்காவிடம் கிளி கேட்கிறானே என்று எனக்குச் சிரிப்பு. கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் விஷயம் சிரிப்பில்லை. ஆப்பிரிக்க கிரே பேரட் 2017 தொடக்கத்திலிருந்து சைட்டிஸின் முதல் பின்னிணைப்பில் இருக்கிறது, அதாவது மிகக் கடுமையான பிரிவில். அங்கே கடையில் பில் போட்டு விற்றாலும், சைட்டிஸ் அனுமதியும் இந்திய இறக்குமதி அனுமதியும் இல்லாமல் இங்கே கொண்டுவந்தால் அது கடத்தல். சாக்லேட்டும் சென்ட்டும் கொண்டுவந்தால் போதும் என்று காக்காவிடம் சொல்லச் சொன்னேன்.

காகிதம் ஒரு பக்கம் இருக்கட்டும், இரண்டில் எது நம் வீட்டுக்கு ஒத்துவரும்? சன் கனூர் பார்க்க மஞ்சளும் ஆரஞ்சுமாகத் தீப்பிடித்த மாதிரி இருக்கும், மனிதனோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் அது போடும் கூச்சல் இருக்கிறதே! வீட்டுச் சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும் கீழக்கரைத் தெருவில் அதை வளர்ப்பது, பக்கத்து வீட்டாரோடு சண்டைக்கு நாள் குறிப்பது மாதிரி. இருபது ஆண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும். காக்டெயில் விசிலடிக்கும், அவ்வளவாகப் பேசாது. இதுவும் பதினைந்து, இருபது ஆண்டு வாழும். ஒரே தொல்லை, அதன் இறகிலிருந்து உதிரும் வெள்ளைத் தூசி. ஆஸ்துமாக்காரர் உள்ள வீட்டுக்கு ஆகாது. பன்னிரண்டாம் வகுப்புப் பையன் கல்லூரிக்கு வெளியூர் போய்விட்டால் அம்மாதான் பார்க்க வேண்டும். அந்த அம்மாவைக் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

கூண்டு விஷயத்தில் நம் கடற்காற்றுக்கென்று ஒரு கூடுதல் கவலை உண்டு. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி வலையில் அடித்த கூண்டை இங்கே மொட்டை மாடியில் வைத்தால், சில மாதத்தில் கம்பி மேல் வெள்ளை மாவு பூத்த மாதிரி வரும். அது துத்தநாகம் அரிப்பது. கிளி வர்க்கத்துக்குக் கம்பியைக் கடித்துக் கடித்து ஏறுவதுதான் வேலை. அந்த மாவு வயிற்றுக்குள் போனால் விஷம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூண்டு விலை அதிகம்தான், ஆனாலும் ஒரே செலவு. முடியாதவர்கள் ஜி.ஐ. வலையை வினிகர் ஊற்றிப் பிரஷால் தேய்த்துக் கழுவிவிட்டு, உப்புக் காற்று நேராகப் படாத இடத்தில் வைத்து, அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கூண்டின் அளவு உங்கள் இஷ்டமும் இல்லை. நீள, அகல, உயரத்தில் உயிர் அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இது பதிவு தேவைப்படாத காக்டெயிலுக்கும் பொருந்தும். அடுப்படியில் நான்ஸ்டிக் சட்டியைக் காயவிட்டால் வரும் புகை கிளியைக் கொன்றுவிடும் என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள்.

பையன் கடைசியில் காக்டெயில் ஒரு சோடி வாங்கினான். பில்லைக் கொண்டுவந்து காட்டினான். 'பறவை 2' என்று மட்டும் எழுதியிருந்தது. திருப்பி அனுப்பினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவன், 'காக்டெயில், கூண்டில் பிறந்தது, சாம்பல் நிறம், 2' என்று எழுதி, கடை முத்திரையும் போட்டு வாங்கி வந்தான்.