பட்டைத்தூள் ஏன் மாவுக்குள் போவதில்லை?

பட்டை வாசனைக்காகவே செய்கிற பிரெட் ஒன்று உண்டு. முழு பிரெட்டாக வேகும். கத்தி வேண்டாம், துண்டு துண்டாகக் கையால் பிய்த்துத் தின்னலாம். அதன் செய்முறைகளை வரிசையாகப் படித்துப் பார்த்தால் பட்டைத்தூளை மாவோடு சேர்த்துப் பிசையச் சொல்பவர்கள் மிகக் குறைவு என்று தெரியும். மாவைப் பிசைந்து, உப்பவிட்டு, தேய்த்து விரித்த பிறகுதான் வெண்ணெய், சர்க்கரை, பட்டைத்தூள் மூன்றும் மேல்பூச்சாக வருகின்றன. வாசனை வேண்டுமென்றால் முதலிலேயே மாவில் கொட்டியிருக்கலாமே?

கொட்டினால் பிரெட் சரியாக உப்பாது. இந்த பிரெட்டுக்கு ருசி தருகிற பொருட்கள் எல்லாமே அது உப்புவதற்கு ஏதோ ஒரு வகையில் இடைஞ்சல் செய்பவை. சர்க்கரை ஈஸ்ட்டின் தண்ணீரைப் பிடுங்குகிறது. வெண்ணெய், மாவில் வாயுவைப் பிடித்துவைக்கும் குளூட்டன் என்ற புரத வலை உருவாவதைத் தடுக்கிறது. பட்டை ஈஸ்ட்டையே முடக்குகிறது. எதை எப்போது, எங்கே சேர்ப்பது என்பதில்தான் செய்முறையின் சூட்சுமம் இருக்கிறது.

இதன் மூதாதைகளில் ஒன்று ஹங்கேரிய இனிப்பு. மாவை உருண்டைகளாக்கி, உருக்கிய வெண்ணெயில் முக்கி, சர்க்கரையும் பொடித்த வால்நட்டும் கலந்த தூளில் புரட்டி, பாத்திரத்தில் அடுக்கிச் சுடுவார்கள். புலம்பெயர்ந்தவர்களோடு அமெரிக்கா போன பிறகு அதற்கு ‘மங்கி பிரெட்’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது. 1980களில் அதிபர் ரீகனின் மனைவி நான்சி ரீகன் வெள்ளை மாளிகை விருந்துகளில் அதைப் பரிமாறியதால் இன்னும் பிரபலமானது. இன்று அதிகம் செய்வது வேறொரு வடிவம்: மாவை விரித்து, சதுரங்களாக வெட்டி, நீளமான பிரெட் டின்னில் சீட்டுக்கட்டைப் போல நிறுத்திச் சுடுவது. இங்கே பார்க்கப் போவது அதைத்தான்.

ஒரு டின்னுக்குக் கணக்கு இது. மைதா 400 கிராம், பால் 220 மில்லி, முட்டை ஒன்று, சர்க்கரை 50 கிராம், வெண்ணெய் 60 கிராம், உப்பு 6 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம். பூச்சுக்குத் தனியாக வெண்ணெய் 60 கிராம், நாட்டுச் சர்க்கரை 120 கிராம், பட்டைத்தூள் 8 கிராம். பாலை ஒருமுறை காய்ச்சி ஆற வைத்துவிடுங்கள். மாவைத் தளர்த்தக்கூடிய புரதம் பாலின் மோர்ப்பகுதியில் இருக்கிறது, சூடு அதைச் செயலிழக்கச் செய்துவிடும்.

சர்க்கரை ஈஸ்ட்டுக்குச் சாப்பாடு என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் அளவு முக்கியம். மாவின் எடையில் 5 சதவீதம் வரை இருந்தால் ஈஸ்ட் உற்சாகமாக வேலை செய்யும். 10 சதவீதத்தைத் தாண்டினால் மந்தமாகும். நம் கணக்கில் அது 12.5 சதவீதம். ஈஸ்ட் செல்லுக்கு வெளியே சர்க்கரைக் கரைசல் அடர்த்தியாக இருந்தால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் சவ்வு வழியாக வெளியே கசிகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஈஸ்ட்டால் நாம் போடும் சர்க்கரையை அப்படியே விழுங்க முடியாது. செல்லின் சுவரருகே இன்வெர்டேஸ் என்ற நொதி இருக்கிறது. அது ஒரு சர்க்கரை மூலக்கூறை குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று இரண்டாக வெட்டுகிறது. தண்ணீரை வெளியே இழுக்கும் அழுத்தம் மூலக்கூறுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒன்று இரண்டானால் அழுத்தமும் கூடுகிறது. சாப்பாட்டைத் தயார் செய்யப் போய் ஈஸ்ட் தன் தாகத்தைத்தானே அதிகமாக்கிக்கொள்கிறது!

தப்பிக்க அதற்கும் ஒரு வழி தெரியும். கிளிசரால் என்ற பொருளைத் தயாரித்துத் தனக்குள் சேர்த்துவைத்து, தண்ணீர் வெளியேறாமல் பிடித்துக்கொள்ளும். அதற்குச் சக்தியும் நேரமும் செலவாகிறது. அதனால்தான் சாதா பிரெட் மாவு ஒரு மணி நேரத்தில் உப்பினால், இனிப்பு மாவு ஒன்றரை மணி நேரம்கூட எடுக்கிறது. இனிப்பு மாவுக்கென்றே, இன்வெர்டேஸ் குறைவாக உள்ள ஈஸ்ட் வகைகள் விற்கிறார்கள். எப்போதாவது ஒருமுறை செய்பவர்களுக்கு அது தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும்.

அடுத்தது வெண்ணெய். மைதாவில் குளூட்டெனின், கிளையடின் என்று இரண்டு புரதங்கள் உள்ளன. தண்ணீர் பட்டுப் பிசையும்போது இவை பின்னிக்கொண்டு குளூட்டன் வலையாகின்றன. முதலாவது இழுத்தால் திரும்பச் சுருங்கும் வலுவைத் தருகிறது, இரண்டாவது நீளும் தன்மையைத் தருகிறது. ஈஸ்ட் விடும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறாமல் குமிழ்களாகத் தங்குவது இந்த வலை இருப்பதால்தான். ஆரம்பத்திலேயே கொழுப்பைச் சேர்த்தால் அது புரதத்தின் மேல் படிந்து, தண்ணீர் படவிடாமல் செய்துவிடும். பிஸ்கட் மாவில் நமக்கு வேண்டியதே அதுதான், பிரெட்டில் வேண்டாம். ஆகவே வெண்ணெய் இல்லாமல் எட்டு பத்து நிமிடம் பிசைந்து, வலை உருவான பிறகு வெண்ணெயைச் சிறு சிறு துண்டாகச் சேர்க்க வேண்டும். மாவு முதலில் கூழ் போலக் குழைந்து பயமுறுத்தும். விடாமல் பிசைந்தால் திரும்பச் சேர்ந்துவரும். ஒரு சிறு உருண்டையை எடுத்து இரண்டு கை விரல்களாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். கிழியாமல், பின்னால் இருக்கும் விரல் மங்கலாகத் தெரிகிற அளவுக்கு மெல்லிய சவ்வானால் வலை தயார்.

நம் ஊர் வெயிலில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். மே மாதச் சமையலறை அதைவிடச் சூடு. மாவிலிருந்து எண்ணெய் கசிந்து பளபளத்தால் காரணம் அதுதான். குளிர்ந்த பாலில் பிசைந்து, முதல் உப்பலை இரவு முழுவதும் ஃப்ரிட்ஜில் நடக்கவிட்டால் வெண்ணெய் கெட்டியாகவே இருக்கும், ஈஸ்ட்டும் நிதானமாக வேலை செய்யும், காலையில் தேய்க்கவும் சுலபம்.

இப்போது பட்டைக்கு வருவோம். பட்டை என்பது மரத்தின் உட்தோல். பூஞ்சையும் பூச்சியும் அண்டாமலிருக்க மரம் அதில் காரமான எண்ணெயைச் சேர்த்துவைக்கிறது. அந்த எண்ணெயில் பாதிக்கு மேல் சின்னமால்டிஹைடு. 1834இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் ட்யூமாவும் பெலிகோவும் பட்டை எண்ணெயிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். நாம் ‘பட்டை வாசனை’ என்பதில் பெரும்பங்கு இந்த ஒரு மூலக்கூறுதான். நாக்கில் லேசாகச் சுறுசுறுவென்று எரிவதும் இதனால்தான். கடுகின் காரத்தை உணரும் அதே நரம்பு வாங்கியை இது தட்டி எழுப்புகிறது.

ஈஸ்ட்டும் ஒரு பூஞ்சை. மரம் யாரை விரட்டுவதற்காக இதைத் தயாரித்ததோ அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. சின்னமால்டிஹைடு புரதங்களில் உள்ள கந்தகப் பகுதிகளைப் பற்றிக்கொண்டு நொதிகளைச் செயலிழக்க வைக்கிறது, செல்லின் சவ்வையும் சேதப்படுத்துகிறது. ஒரு சிட்டிகை தூளால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் வாயில் பட்டை தெரிகிற அளவுக்குப் போட்டால் உப்பல் கண்ணுக்குத் தெரியவே குறையும். சந்தேகம் இருந்தால் இரண்டு டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை அளவு மாவு ஒன்றில் அப்படியே, இன்னொன்றில் அரை டீஸ்பூன் பட்டைத்தூள் பிசைந்து. ஒரு மணி நேரம் கழித்து எது மேலே வந்திருக்கிறது என்று பாருங்கள்.

பூச்சாகத் தடவும்போது இந்தச் சண்டை எல்லையோடு நின்றுவிடுகிறது. பட்டை படுவது மாவின் மேல்பரப்பில் உள்ள ஈஸ்ட்டின் மேல் மட்டும்; உள்ளே இருப்பவை எதுவும் தெரியாமல் வாயுவை விட்டுக்கொண்டிருக்கும். இன்னொரு லாபமும் உண்டு. சின்னமால்டிஹைடு தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, கொழுப்பில் நன்றாகக் கரையும். வெண்ணெயோடு குழைத்தால் வாசனை அதில் இறங்கி, ஓவன் சூட்டில் அவ்வளவு வேகமாக ஆவியாகாமல் தங்குகிறது.

எந்தப் பட்டை என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. மெல்லிய தாள்களைச் சுருட்டிவைத்தது போல, கையால் நொறுக்கினாலே பொடியாவது இலங்கையின் கறுவா. நம் மளிகைக் கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் தடித்த, கெட்டியான பட்டை அதன் உறவான காசியா. சீனா, வியட்நாம், இந்தோனேசியா பக்கம் விளைவது. காசியாவின் வாசனை முரட்டுத்தனமானது. இந்த பிரெட்டுக்கு அதுதான் எடுப்பாக இருக்கும் என்பது என் கட்சி. கறுவாவின் நளினம் இவ்வளவு சர்க்கரைக்கு நடுவில் காணாமல் போய்விடுகிறது.

ஆனால் காசியாவில் கூமரின் என்ற பொருள் உண்டு. கறுவாவில் அது மிகக் கொஞ்சம். கூமரின் அதிகமாக உடலில் சேர்ந்தால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் பேக்கரிப் பண்டங்களில் அதற்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2013இல் அந்த வரம்பை வைத்துத் தங்கள் பட்டை ரோலுக்கு ஆபத்து வந்துவிட்டதென்று டென்மார்க் பேக்கரிக்காரர்கள் கொதித்தெழுந்தது பெரிய செய்தியானது. தினமும் சாப்பிட்டாலும் பரவாயில்லை என்று அங்கே சொல்லும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் கூமரின். 60 கிலோ எடையுள்ளவருக்குச் சராசரி காசியாத் தூளில் அது தினம் 2 கிராம் போல வரும். நம் பிரெட் முழுவதிலும் இருப்பதே 8 கிராம். எட்டு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 1 கிராம். எப்போதாவது செய்கிற பண்டத்துக்குக் கவலைப்பட வேண்டியதில்லை.

சரி, பிய்வது எப்படி? பரோட்டா அடுக்கடுக்காகப் பிரிவது எப்படியோ, அப்படித்தான். வெறும் மாவுப் பரப்புகள் இரண்டு ஒன்றையொன்று தொட்டால், உப்பும்போதும் வேகும்போதும் குளூட்டன் இழைகள் எல்லை தாண்டிப் பின்னிக்கொண்டு ஒன்றாகிவிடும். நடுவில் கொழுப்பு இருந்தால் இழைகள் ஒன்றையொன்று தொடவே முடியாது.

இங்கே சர்க்கரைக்கும் ஒரு வேலை உண்டு. உப்பிய மாவை ஏறக்குறைய 30க்கு 45 சென்டிமீட்டர் அளவில், அரை சென்டிமீட்டர் தடிமனில் தேய்த்து, உருக்கி ஆறவைத்த வெண்ணெயைத் தடவி, சர்க்கரையையும் பட்டைத்தூளையும் கலந்து தூவுங்கள். பத்து நிமிடம் விட்டுக் கிட்டே குனிந்து பார்த்தால், உலர்ந்திருந்த சர்க்கரை ஈரமாகிப் பளபளக்கும். ஈஸ்ட்டிடம் செய்த அதே வேலையைச் சர்க்கரை இப்போது மாவின் மேல்பரப்பிடம் செய்கிறது; தண்ணீரை இழுத்துப் பாகாகிறது. இந்தப் பாகுதான் அப்புறம் ஓவனில் சுண்டி, துண்டுகளுக்கிடையே மெல்லிய டாஃபிப் படலமாகிறது. அதிக நேரம் விட்டால் பாகு வழிந்து ஓடிவிடும், வெட்டும்போது துண்டுகள் வழுக்கும். எனவே தூவியதும் ஏழரை சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டி (24 துண்டு வரும்) டின்னில் நிறுத்தி அடுக்கிவிடுவது நல்லது. நெருக்கி அடைக்காதீர்கள். இரண்டாவது முறை உப்புவதற்கு அவற்றுக்கு இடம் வேண்டும், நாற்பது நிமிடம் போல நேரமும் வேண்டும்.

ஓவனில் முதல் சில நிமிடங்களில் மாவு விறுவிறுவென்று எழும். சூடு ஏற ஏற ஈஸ்ட் கடைசியாக ஒரு வேகம் காட்டிவிட்டு 60 டிகிரியை எட்டும்போது செத்துப்போகிறது. மாவின் ஈரத்தில் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியே வருகிறது, ஏற்கனவே இருந்த குமிழ்கள் விரிகின்றன, நொதித்தலில் உண்டான ஆல்கஹால் ஆவியாகிறது. அப்புறம் மாவுச்சத்து ஈரத்தை உறிஞ்சி உப்பிக் கூழாகிறது, புரத வலை இறுகுகிறது, வடிவம் நின்றுவிடுகிறது. சர்க்கரை இந்த இறுகலைத் தள்ளிப்போடும். அதனால் இனிப்பு பிரெட்டுக்கு எழும்ப இன்னும் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது. அதன் மென்மைக்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த பிரெட் செய்பவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். மேலே அழகாகப் பழுத்திருக்கும், நடுத்துண்டைப் பிய்த்தால் பச்சை மாவு. தண்ணீர் இருக்கும்வரை உள்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. காய்ந்துபோன மேல்தோல் 140 டிகிரியைத் தாண்டும். அங்கே புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பழுப்பு நிறமும் வாசனையும் உண்டாகின்றன. மெய்யார் வினை என்று பெயர். முட்டை, பால், சர்க்கரை மூன்றும் இருப்பதால் இங்கே அது சீக்கிரமே நடந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, பாலில் உள்ள லாக்டோஸைச் சாதாரண பிரெட் ஈஸ்ட்டால் சாப்பிட முடியாது. அது அப்படியே மிஞ்சி இன்னும் பழுக்க வைக்கிறது. நிறத்தை நம்பி வெளியே எடுக்கக் கூடாது.

உள்ளே சூடு போகும் வேகத்துக்கோ வேறு கணக்கு. தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். மங்கி பிரெட்டை நடுவில் ஓட்டை உள்ள டின்னில் சுடுவது இதற்காகத்தான். ஓட்டை வழியாகவும் சூடு உள்ளே போவதால் தடிமன் பாதியாகிறது. நீளமான டின்னில் அந்த வசதி இல்லை. 180 டிகிரியில் 35 நிமிடம் ஆகும். 20 நிமிடத்தில் மேலே நிறம் வந்துவிட்டால் அலுமினியத் தாளால் மூடிவிடலாம். சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் குத்திப் பாருங்கள். 88 முதல் 90 டிகிரி காட்டினால் வெந்துவிட்டது.

டின்னிலிருந்து எடுக்கும் நேரமும் முக்கியம். ஓவனிலிருந்து வந்த உடனே பாகு ஓடும் நிலையில் இருக்கும், பிரெட்டும் சரியாக இறுகியிருக்காது, கவிழ்த்தால் உடையும். முழுக்க ஆறிவிட்டால் பாகு கல்லாகி டின்னோடு ஒட்டிக்கொள்ளும். ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் கவிழ்த்துவிட வேண்டும்.

மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். பிரெட் பழசாகிக் கெட்டிப்படுவது வெறும் ஈரம் போவதால் அல்ல. கூழான மாவுச்சத்து மெல்ல மெல்ல மறுபடியும் படிகமாகிறது, ஃப்ரிட்ஜின் 4 டிகிரியில் அது அறை வெப்பத்தைவிட வேகமாக நடக்கிறது. இரண்டு நாளைக்குள் தீர்ந்துவிடும் என்றால் காற்றுப் புகாத டப்பாவில் வெளியே இருக்கட்டும். நாட்டுச் சர்க்கரை ஈரத்தைப் பிடித்துவைப்பதால் சாதா பிரெட்டைவிட நன்றாகவே தாங்கும். அதற்கு மேல் என்றால் ஃப்ரீசர். உறைந்த நிலையில் இந்தப் படிகமாகும் வேலை ஏறக்குறைய நின்றுவிடுகிறது. சாப்பிடும் முன் 150 டிகிரியில் ஏழெட்டு நிமிடம் சூடாக்குங்கள். துண்டின் நடுப்பகுதி 60 டிகிரியைத் தாண்டினால் அந்தப் படிகங்கள் திரும்ப இளகும், டாஃபியும் இளகும்.