ஹிஜாப் அணிந்து வருபவரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது

இந்தியாவில் ஹிஜாப் அணிந்த பெண்ணிடம் "அதைக் கழற்றிவிட்டு வா" என்று சொல்லப்படும் இடங்களில் வாக்குச்சாவடி, தேர்வு மையம், ஆதார் சேர்க்கை மையம், கல்லூரி வாசல் ஆகியவை முக்கியமானவை. சொல்கிறவர் அதை விதி என்றே நம்பிச் சொல்லக்கூடும். ஆனால் அடையாளம் பார்ப்பதற்காக எழுதப்பட்ட விதிகள் எதிர்பார்ப்பது ஒன்றைத்தான்: முகம் தெரிய வேண்டும். தலை மூடியிருப்பதை அவை தடுக்கவில்லை.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதிச் சண்டை பிறக்கிறது. ஹிஜாப் தலையையும் கழுத்தையும் மூடும், முகம் திறந்திருக்கும். நிகாப் கண்களை மட்டும் விட்டு முகத்தை மறைக்கும். நாம் பர்தா என்று சொல்லும் புர்கா உடல் முழுவதையும் மூடும் மேலங்கி; அதோடு முகத்திரை சேரலாம், சேராமலும் இருக்கலாம். அடையாளச் சோதனையின்போது நிகாபை விலக்கச் சொல்லலாம். ஹிஜாபைக் கழற்றச் சொல்ல அதே காரணம் போதாது.

புகைப்படம்

பாஸ்போர்ட் படத்தில் தொப்பிக்கும் தலைத்துணிக்கும் பொதுவாக இடமில்லை. மதக் காரணத்துக்காக அணிவதற்கு விலக்கு உண்டு. அப்போதும் தாடையின் அடியிலிருந்து நெற்றியின் மேல் விளிம்பு வரையும், முகத்தின் இரு பக்க ஓரங்களும் தெளிவாகத் தெரிய வேண்டும். உள்நாட்டில் விண்ணப்பிக்கும் பெரியவர்களுக்குப் படத்தைச் சேவை மையக் கவுன்ட்டரிலேயே எடுத்துவிடுவார்கள். எனவே வீட்டிலிருந்து கிளம்பும்போதே அதற்கு ஏற்றபடி துணியைக் கட்டிக்கொண்டு போவது நல்லது. படம் கெட்டுப்போகும் காரணங்கள் எளியவை. துணி புருவம் வரை இறங்கி நெற்றியை மறைத்துவிடும். முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பின் நிழல் கன்னத்தில் விழும். வெள்ளைத் துணி வெள்ளைப் பின்னணியோடு கலந்து தலையின் வடிவம் தெரியாமல் போகும். வெள்ளை அல்லாத, மினுமினுப்பு இல்லாத ஒற்றை நிறத் துணியை முடி தொடங்கும் கோடு வரை தள்ளிக் கட்டினால் இந்த மூன்றுமே வராது. முடி வெளியே தெரிய வேண்டியதில்லை.

ஆதாரிலும் இதே கதைதான். முகத்தின் எந்தப் பகுதியையும் மறைக்கும் பொருள் கூடாது. தலை மூடியிருக்கலாம், முகத்தின் முழு வடிவமும் தெரிய வேண்டும் என்பது ஆதார் ஆணையத்தின் வழிகாட்டுதல். தலைப்பாகைக்கு மத, மரபு வழக்கம் என்று இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆபரேட்டர் ஹிஜாபைக் கழற்றச் சொன்னால் முதலில் மையத்தின் மேற்பார்வையாளரிடம் பேசுங்கள். அங்கேயும் தீராவிட்டால் 1947 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

நீட் விண்ணப்பம்தான் கொஞ்சம் கடினம். தேசியத் தேர்வு முகமை கேட்கும் படத்தில் முகம் 80 சதவீதம் தெரிவதோடு காதுகளும் தெரிய வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படத்தையே ஏற்றிவிட்டால் அது நிராகரிக்கப்படலாம். துணியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி வேறொரு படம் எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. விண்ணப்பத் திருத்தத்துக்கான நாட்கள் குறைவு. படத்தைத் திருத்தச் சொல்லி வரும் மின்னஞ்சலைக் கவனிக்காமல் விட்டால் அந்த ஆண்டே கைநழுவிப் போகும்.

தேர்வு மையம்

மத உடையில் வருவது நீட் தேர்வில் தடை செய்யப்பட்டதல்ல. நேரத்தைத்தான் முன்னால் தள்ளியிருக்கிறார்கள். தேர்வு பிற்பகல் 2 மணிக்கு, வாசல் மூடுவது 1.30க்கு என்றால், இத்தகைய உடையில் வருபவர் 12.30க்குள் வந்துவிட வேண்டும் என்று தகவல் கையேடு சொல்லிவந்திருக்கிறது. சோதனைக்கு நேரம் வேண்டும் என்பதே காரணம். மற்ற மாணவிகளோடு 1.20க்கு வந்து நின்றால் பதற்றத்தில் "கழற்றிவிட்டு உள்ளே போ" என்ற பேச்சு வரத்தான் செய்யும். நேரங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். உங்கள் அனுமதிச் சீட்டில் அச்சாகியிருப்பதே இறுதி.

இந்த ஏற்பாட்டின் பின்னால் நீதிமன்றப் போராட்டம் இருக்கிறது. 2015இல் அகில இந்திய மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு முழுக்கையும் தலைத்துணியும் தடுக்கப்பட்டபோது, கேரள உயர் நீதிமன்றம் வழக்குத் தொடுத்த மாணவிகளை அனுமதித்தது. அரை மணி நேரம் முன்னதாக வர வேண்டும், பெண் கண்காணிப்பாளரின் சோதனைக்கு உடன்பட வேண்டும் என்பவை நிபந்தனைகள். அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் இதுபோன்ற மனுவை ஏற்க மறுத்தது. 2016இல் கேரள உயர் நீதிமன்றம் மறுபடியும் மாணவிகள் பக்கம் நின்றது.

பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும், அதுவும் மூடிய தடுப்புக்குள். கேட்டுப் பெற வேண்டிய சலுகை அல்ல இது. தேசியத் தேர்வு முகமையே எழுதிவைத்திருக்கும் நடைமுறை. திறந்த வாசலில், எல்லோர் பார்வையிலும் துணியை விலக்கச் சொன்னால் தடுப்புக்குள் அழைத்துப் போகச் சொல்லுங்கள். உலோக ஊக்குகளையும் குண்டூசிகளையும் தவிர்த்துவிடுங்கள். கருவி கத்தும், ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டிவரும், பிறகு துணி நிற்காது. ஊக்கு தேவைப்படாத, தலை வழியாக மாட்டும் வகை ஹிஜாப் தேர்வு நாளுக்கு ஏற்றது. விமான நிலையத்திலும் பெண்களுக்கான சோதனை திரையிட்ட தடுப்புக்குள் பெண் காவலரால்தான் நடக்கும்.

வாக்குச்சாவடி

2022 பிப்ரவரி 19, தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். மதுரை மாவட்டம் மேலூரில் ஹிஜாப் அணிந்து வந்த வாக்காளருக்கு பா.ஜ.க. முகவர் எதிர்ப்புத் தெரிவித்தார். மற்றக் கட்சி முகவர்களும் அலுவலர்களும் அதை ஏற்கவில்லை, அந்த முகவர்தான் வெளியேற்றப்பட்டார். அந்தச் சாவடியில் இருந்தவர்கள் செய்தது சரியான காரியம்.

நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களுக்கு 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகள் உண்டு. விதி 49ஜேயின்படி, முகவர் ஒருவர் வாக்காளரின் அடையாளத்தில் ஐயம் எழுப்பலாம். அதற்கு 2 ரூபாய் ரொக்கமாகக் கட்ட வேண்டும். விசாரித்து முடிவு சொல்வது வாக்குச்சாவடித் தலைமை அலுவலர். வந்திருப்பவர் பட்டியலில் உள்ளவர்தானா என்பது மட்டுமே அங்கே கேள்வி. உடை பிடிக்கவில்லை என்பது இந்த விதிக்குள் வராது. வீண் ஐயம் என்று தெரிந்தால் கட்டிய பணம் பறிமுதலாகும்.

நிகாப் அணிபவர் முகத்தைக் காட்டித்தான் ஆக வேண்டும். வாக்காளர் பட்டியலில் பர்தா அணியும் முஸ்லிம் பெண்களின் படம் வேண்டாம் என்று கேட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006இலேயே தள்ளுபடி செய்தது. ஆனால் ஆண் அலுவலர் முன்னால்தான் காட்ட வேண்டும் என்பதில்லை. விதி 49ஜி பெண் உதவியாளரை நியமிக்க வழி செய்கிறது. பர்தா அணியும் பெண்கள் அதிகமுள்ள சாவடிகளில், துணித் திரை போட்டாவது மறைவான இடம் அமைத்து, பெண் அலுவலரைக் கொண்டு முகம் பார்த்து மை வைக்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல். உங்கள் சாவடிக்கு இது தேவை என்றால் வாக்குப்பதிவு நாளில் கேட்டுப் பயனில்லை. சில வாரங்களுக்கு முன்பே தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள்.

பள்ளி, கல்லூரி

இங்கே ஒரே பதில் கிடையாது. வகுப்பில் ஹிஜாபைத் தடுக்கப் பயன்பட்ட, கர்நாடக அரசின் 2022 பிப்ரவரி 5 சீருடை ஆணையை அம்மாநில உயர் நீதிமன்றம் மார்ச் 15 அன்று உறுதிசெய்தது. உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அக்டோபர் 13 அன்று பிளவுபட்ட தீர்ப்பு எழுதினார்கள்: ஹேமந்த் குப்தா மாணவிகள் தரப்பு மேல்முறையீட்டைத் தள்ளினார், சுதான்ஷு தூலியா ஏற்றார். வழக்கு பெரிய அமர்வுக்காகத் தலைமை நீதிபதியிடம் சென்றது. 2024 ஆகஸ்ட் 9 அன்று, மும்பைக் கல்லூரி ஒன்று ஹிஜாப், தொப்பி, பேட்ஜ் ஆகியவற்றுக்கு விதித்த தடையை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. வகுப்பறைக்குள் புர்காவை அனுமதிக்கவில்லை. தனியார் நிறுவனத்தில் சேரும் முன் உடை விதியை எழுத்தில் வாங்கிப் படித்துவிடுங்கள். 2018இல் கேரள உயர் நீதிமன்றம், தனியார் சிறுபான்மைப் பள்ளியைத் தலைத்துணியை ஏற்கும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று சொல்லியிருக்கிறது. கட்டணம் கட்டிய பிறகு தெரிய வந்தால் நடுவில் நின்று தவிப்பது மாணவிதான்.

யாராவது வலுக்கட்டாயமாகக் கழற்றினால்

தெருவில் போகும் எவருக்கும் ஒரு பெண்ணின் தலைத்துணியைப் பற்றிக் கேள்வி கேட்கும் அதிகாரம் இல்லை. 2023 மார்ச்சில் வேலூர்க் கோட்டையில் பெண்ணின் ஹிஜாபைக் கழற்றச் சொல்லி, அதைப் படமெடுத்துப் பரப்பிய விவகாரத்தில் ஏழு பேர் பிடிக்கப்பட்டார்கள். இன்று இப்படி நடந்தால், சூழலைப் பொறுத்துப் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 74 (பெண்ணின் மாண்பைக் குலைக்கும் நோக்கில் தாக்குதல் அல்லது வன்முறை, 1 முதல் 5 ஆண்டு சிறை), 79 (சொல்லாலோ சைகையாலோ அவமதித்தல்), 302 (மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கில் பேசுதல்) பொருந்தலாம்.

அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவி எண் 181. புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. பிரிவு 74, 79இன் கீழான புகாரைப் பெண் காவல் அதிகாரியோ வேறு பெண் அதிகாரியோதான் பதிவுசெய்ய வேண்டும். இணையவழியில் அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். காணொளி இருந்தால் அழியும் முன் இணைப்பையும் பதிவிட்ட கணக்கின் பெயரையும் திரைப்பதிவாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். பதிவுசெய்ய மறுத்தால் அதே புகாரைத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். அங்கும் அசைவில்லை என்றால் அந்தத் தபால் ரசீதோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்யலாம்.