யூவி விளக்கு எரிந்தால் போதுமா? எஸ்டிபி தண்ணீருக்கு விதி கேட்பது என்ன

பெரம்பூர், மாதவரம் பக்கம் புதிதாக எழும்பியிருக்கும் பெரிய அடுக்குமாடிகளில் ஃப்ளஷுக்கும் செடிக்கும் வருவது பெரும்பாலும் எஸ்டிபி தண்ணீர்தான், அதாவது வளாகத்தின் கழிவுநீரையே சுத்திகரித்துத் தரும் நிலையத்துத் தண்ணீர். அதில் கிருமி எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு ஓர் எண் உண்டு. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2017 அக்டோபர் விதிப்படி, சுத்திகரித்த கழிவுநீரை நீர்நிலையில் விட்டாலும் நிலத்தில் பாய்ச்சினாலும் 100 மில்லியில் மலக் கோலிஃபார்ம் (மலக் கலப்பைக் காட்டும் பாக்டீரியா) 1,000-க்குள் இருக்க வேண்டும். 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதை 230 ஆக இறுக்கச் சொன்னது. உங்கள் வளாகத்துக்கு எந்த எண் என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தந்த கன்சென்ட் (அனுமதி) ஆணையில் இருக்கும். அசோசியேஷன் ஃபைலைப் புரட்டிப் பாருங்கள்.

அந்த எண்ணை எப்படி எட்டுவது என்பது நம் பாடு. குளோரின் போடலாம், யூவி எனும் புற ஊதா விளக்கு வைக்கலாம். யூவியில் மருந்து கலப்பதில்லை. 254 நானோமீட்டர் ஒளி கிருமியின் டிஎன்ஏவைக் குலைத்து, பெருக விடாமல் செய்துவிடும். குளோரினுக்கு மசியாத கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமிகூட இதற்கு அடங்கும்.

ஆனால் ஒளி கிருமி மேல் பட வேண்டுமே! எங்கள் குடியிருப்பில் பேனலில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, ஆய்வக அறிக்கையிலோ எண் எகிறியிருந்தது. லேம்பை மூடியிருக்கும் குவார்ட்ஸ் குழாயைக் கழற்றினால், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியுமே, அதே வெள்ளைப் படிவு. போர்வெல் தண்ணீரின் உப்பு, வேறென்ன. சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துத் துடைத்ததும் பளிச்சென்று ஆகிவிட்டது. லேம்புக்கும் ஆயுள் சுமார் 9,000 மணி நேரம்தான். நிறுத்தாமல் ஓடினால் ஒரு வருடம். நீல வெளிச்சம் தெரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள், கிருமியை முடக்கும் கதிர் கண்ணுக்குத் தெரியாது. மணல் ஃபில்டர் சரியில்லாமல் தண்ணீர் கலங்கி வந்தாலும் இதே கதை.

கொடுங்கையூரில் மெட்ரோ வாட்டர் கழிவுநீரை ஆர்ஓ வரை சுத்தம் செய்து மணலி, எண்ணூர் ஆலைகளுக்கு அனுப்புகிறது. நம் பேஸ்மென்ட்டில் அவ்வளவு இல்லை. கடைசிக் காவல் இந்த லேம்ப்தான்.

அப்புறம், யூவி கடந்த தண்ணீரில் காவலுக்கு எதுவும் மிஞ்சாது. மொட்டை மாடி டேங்கில் ரெண்டு நாள் தேங்கினால் கிருமி மறுபடி பெருகலாம். ஃப்ளஷ் லைனுக்குக் கொஞ்சம் குளோரினும் சேர்ப்பது நல்லது. சாம்பிளை யூவி வாசலில் மட்டும் பிடிக்காமல் ஃப்ளஷ் குழாயிலும் பிடியுங்கள். கிருமி நீக்கிய பாட்டிலில், ஐஸில் வைத்து, அன்றைக்கே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். மலக் கோலிஃபார்ம் வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் பிஓடி (தண்ணீரில் மிஞ்சிய கரிமக் கழிவைக் காட்டும் அளவு) சோதனையோடு முடித்துவிடுவார்கள்.