ஏழு பிளேஆஃப், ஏழு தோல்வி: கோச் காரணமா, கணக்கு காரணமா?

2016 ஜனவரி 9. அமெரிக்காவின் தேசிய ஃபுட்பால் லீகில் (நம்மூர் கால்பந்து அல்ல, பந்தைக் கையால் எறிந்தும் தூக்கிக்கொண்டு ஓடியும் ஆடுவது) சின்சினாட்டி பெங்கால்ஸ் தன் சொந்த மைதானத்தில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுடன் மோதுகிறது. 15-0 என்று பின்தங்கிக் கிடந்த பெங்கால்ஸ், நாலாவது குவார்ட்டரில் எழுந்து வந்து 16-15 என்று முந்திவிட்டது. மிச்சம் இரண்டு நிமிடம்கூட இல்லை. எதிரணி எறிந்த பாஸையும் பறித்தாயிற்று. இனி பந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரத்தை ஓட்டினால் போதும். அந்த நேரம் பார்த்து பெங்கால்ஸின் ஜெரமி ஹில் பந்தை நழுவவிட்டார். அதற்கப்புறம் பெங்கால்ஸ் வீரர்கள் இருவர் அடுத்தடுத்துச் செய்த தவறுகளுக்கு ஆளுக்குப் பதினைந்து கெஜம் அபராதம். முப்பது கெஜம் சும்மா கிடைத்த ஸ்டீலர்ஸ், பந்தைக் கம்பத்துக்கு நடுவே உதைத்து 18-16 என்று ஜெயித்துப் போனது.

பெங்கால்ஸின் தலைமைக் கோச் மார்வின் லூயிஸுக்கு அது ஏழாவது பிளேஆஃப், அதாவது வழக்கமான சீசன் முடிந்ததும் ஜனவரியில் தொடங்கும் நாக்-அவுட் சுற்று. ஏழாவது தோல்வி. 2003 முதல் 2018 வரை பதினாறு சீசன் அந்தப் பதவியில் இருந்தார். வழக்கமான சீசன் ஆட்டங்களில் 131 வெற்றி, 122 தோல்வி, 3 டிரா. பிளேஆஃபில் மட்டும் பூஜ்யம். ‘ஜனவரி வந்தாலே கோட்டை விட்டுவிடுவார்’ என்று ரசிகர்கள் கொதித்ததில் ஆச்சரியமே இல்லை. ஆனால் அந்தப் பூஜ்யம் உண்மையில் என்ன சொல்கிறது, அது ஏன் அவ்வளவு வலிக்கிறது என்ற இரண்டும் வேறு வேறு கேள்விகள். முதலாவதற்கு நிகழ்தகவுக் கணக்கில் பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு மூளைக்குள் போக வேண்டும்.

முதலில் போட்டியின் அமைப்பு. லூயிஸ் காலத்தில் 32 அணிகளும் தலா 16 ஆட்டம் ஆடும். அதிலிருந்து 12 அணிகள் பிளேஆஃபுக்குப் போகும். அங்கே ஒரு ஆட்டம் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அமெரிக்க பேஸ்பாலிலும் கூடைப்பந்திலும் இறுதிச் சுற்று என்பது ஏழு ஆட்டத் தொடர்; ஒரு நாள் சறுக்கினாலும் மறுநாள் சரிக்கட்டலாம். இந்த ஃபுட்பாலில் உடம்பு படும் பாட்டுக்கு வாரம் ஒரு ஆட்டம் ஆடுவதே பெரிய விஷயம். அதனால் ஒரே ஒரு ஆட்டத்தில் தலையெழுத்து முடிவாகிவிடும்.

எந்த எதிரியோடு மோதினாலும் 65 சதவீத வாய்ப்போடு இறங்கும் நல்ல அணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 16 ஆட்டத்தில் அது சராசரியாகப் பத்துப் பதினொன்று ஜெயிக்கும். அதிர்ஷ்டம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்தான் பெரும்பாலும் வந்து நிற்கும். நிறைய ஆட்டம் ஆடும்போது தற்செயல் தன்னைத் தானே ரத்து செய்துகொள்கிறது. ஆனால் அதே அணியை ஒரே ஒரு ஆட்டத்தில் நிறுத்தினால், மூன்றுக்கு ஒரு தடவைக்கும் சற்று அதிகமாகத் தோற்கும். திறமையில் ஒரு குறையும் வரவில்லை. அளவுகோல் மட்டும் பதினாறு மடங்கு சுருங்கிவிட்டது.

பிளேஆஃபில் அந்த 65 சதவீதமும் நிற்காது. எதிரே வருவது சராசரி அணி அல்ல, தானும் வடிகட்டப்பட்டு வந்த அணி. இன்னொரு சங்கதியும் உண்டு. பதினொரு வெற்றியோடு பிளேஆஃபுக்கு வந்த அணிகளில் பல, கொஞ்சம் அதிர்ஷ்டமும் சேர்ந்துதான் அங்கே வந்திருக்கும். சரியான நேரத்தில் விழுந்த பந்து, எதிரணியின் காயம், ஒரு நடுவர் தீர்ப்பு என்று ஏதாவது ஒன்று. அந்த அதிர்ஷ்டம் ஜனவரிக்குள் கூடவே வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புள்ளியியலில் இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள். மைதானத்தில் பார்ப்பவருக்கு அதுவே ‘பெரிய ஆட்டத்தில் பயந்துவிட்டார்கள்’ என்று தெரியும்.

அதனால் பிளேஆஃப் வாய்ப்பை 40 சதவீதம் என்று வைப்போம். ஏழும் தோற்க எவ்வளவு வாய்ப்பு? 0.6ஐ ஏழு தடவை பெருக்கினால் சுமார் 2.8 சதவீதம், அதாவது 36இல் ஒன்று. அரிதுதான், ஆனால் அதிசயம் இல்லை. ஒரு நீண்ட வரலாறு உள்ள லீகில் எத்தனையோ கோச்கள் வந்து போகும்போது யாரோ ஒருவருக்கு இந்த 36இல் ஒன்று வாய்த்தே தீரும். ஜிம் மோரா என்ற கோச் நியூ ஆர்லியன்ஸிலும் இண்டியானாபோலிஸிலும் சேர்த்து 125 ஆட்டம் ஜெயித்தார். பிளேஆஃபில் ஆறுக்கு ஆறு தோல்வி.

சரி, அப்படியானால் ஏழு தோல்வியும் வெறும் தற்செயல், கோச் மேல் தப்பே இல்லை என்று சொல்லிவிடலாமா? அதுவும் தவறு. இங்கேதான் கணக்கு சுவாரஸ்யமாகிறது. இரண்டு வகைக் கோச்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் வகை, பிளேஆஃபில் பாதிக்குப் பாதி ஜெயிக்கக்கூடியவர். இரண்டாம் வகை, நிஜமாகவே பெரிய ஆட்டத்தில் தடுமாறுபவர், 35 சதவீதம்தான். முதல் வகைக்கு ஏழும் தோற்கும் வாய்ப்பு 128இல் ஒன்று. இரண்டாம் வகைக்குக் கிட்டத்தட்ட 20இல் ஒன்று. ஆக ஏழு தோல்வி என்ற சாட்சி, சந்தேகத்தை ஆறு மடங்கு கூட்டுகிறது. ரசிகரின் உள்ளுணர்வு பொய்யில்லை. ஆனால் பத்துக் கோச்களில் ஒருவர்தான் தடுமாறும் வகை என்று தொடங்கினால், இந்த ஆறு மடங்கையும் சேர்த்த பிறகும் அவர் அந்த வகையாக இருக்கும் வாய்ப்பு சுமார் 41 சதவீதம்தான். பத்தாண்டு காத்திருந்து, ஏழு தடவை மனம் உடைந்த பிறகும், கணக்கு ‘தெரியாது’ என்ற பக்கம்தான் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. எரிச்சலாகத்தான் இருக்கும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பானைக்குள் ஒரே தண்ணீர், ஒரே சூடு. அதனால் அந்தச் சோதனை பலிக்கிறது. ஃபுட்பால் ஆட்டங்கள் அப்படி வேகுவதில்லை. லூயிஸின் முதல் பிளேஆஃபில், அணி பந்தோடு ஆடிய இரண்டாவது முயற்சியிலேயே, பாஸ் எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் கார்சன் பால்மரின் முழங்கால் போயிற்று. கடைசி பிளேஆஃபில் அப்போதைய குவார்ட்டர்பேக் ஆண்டி டால்ட்டனின் கட்டைவிரல் உடைந்திருந்ததால் மாற்று ஆள் ஏ.ஜே. மெக்கேரன் ஆடினார். மறுபக்கம், ஏழில் நாலு ஆட்டம் சொந்த மைதானத்தில் நடந்தவை என்பதையும் மறைக்கக் கூடாது; அது கோச்சுக்கு எதிரான சாட்சி. மிகச் சில உதாரணங்களை முழு உண்மையின் பிரதி என்று மூளை நம்பிவிடுவதை உளவியலாளர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1971இல் எழுதினார்கள். சிறு எண்களின் விதி என்று அதற்குக் கிண்டலாகப் பெயரும் வைத்தார்கள். புள்ளியியல் தெரிந்த ஆராய்ச்சியாளர்களே அதில் விழுகிறார்கள் என்பதுதான் அவர்கள் காட்டியது.

அப்புறம் வலி. தோல்விக்கும் அது தரும் வலிக்கும் நேர்க்கோட்டுத் தொடர்பு இல்லை. லூயிஸ் வருவதற்கு முன் பெங்கால்ஸின் கதை என்ன? 1991 முதல் 2002 வரை ஒரு சீசனில்கூடத் தோல்வியை விட வெற்றி அதிகம் இல்லை. 2002இல் 2 வெற்றி, 14 தோல்வி. லூயிஸ் வந்த வருடமே 8-8, அதாவது எட்டு வெற்றி, எட்டுத் தோல்வி. 2005இல் 11-5 என்று பதினைந்து வருடத்துக்குப் பிறகு முதல் பிளேஆஃப் வந்தபோது ஊரே கொண்டாடியது. பத்து வருடம் கழித்து 12-4 என்று அதைவிட நல்ல சீசன். அதே ரசிகர்கள் அவரைத் துரத்தச் சொன்னார்கள். கோச் கெட்டுப்போகவில்லை. ரசிகர்கள் எதை இயல்பு என்று எடுத்துக்கொண்டார்களோ அந்தக் கோடு மேலே ஏறிவிட்டது, ஏற்றியவரும் அவரேதான்.

இதன் அடியில் இருக்கும் இயந்திரத்தை 1990களில் நரம்பியல் விஞ்ஞானி வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் பார்த்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் படபடவென்று துடிக்கும். விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகிய பிறகு, விளக்கைப் பார்த்ததுமே துடிக்கும். சாறு வரும்போது பெரிதாக ஒன்றும் நடக்காது. விளக்கு எரிந்து சாறு வராவிட்டால்? வர வேண்டிய அதே கணத்தில் அந்த அணுக்களின் துடிப்பு வழக்கத்துக்கும் கீழே விழும். மூளை கணக்கிடுவது கிடைத்ததை அல்ல, கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தை. ஒவ்வொரு டிசம்பரிலும் விளக்கை எரியவிட்டு ஜனவரியில் சாறை நிறுத்தும் கோச், ஒருபோதும் விளக்கே ஏற்றாத கோச்சைவிட அதிகமாகத் திட்டு வாங்குவது இதனால்தான்.

இது ஆய்வகத்தோடு நிற்கும் சமாச்சாரம் அல்ல. பொருளாதார நிபுணர்கள் டேவிட் கார்டும் கார்டன் டாலும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், உள்ளூர் அணி ஜெயிக்கும் என்று எதிர்பார்த்திருந்து தோற்ற நாட்களில், வீட்டுக்குள் ஆண்கள் பெண்கள்மேல் நடத்தும் வன்முறை பற்றிய புகார்கள் சுமார் 10 சதவீதம் கூடியிருந்தன. சமபலம் என்று எதிர்பார்த்த ஆட்டத்தில் தோற்றபோது அப்படிக் கூடவில்லை. தோல்வி ஒன்றுதான், எதிர்பார்ப்பு வேறு.

இந்த வலி கோச்சின் முகத்தைத் தேடிப் போவதற்கும் காரணம் உண்டு. ஆய்வாளர்கள் ஜொனாதன் பேரனும் ஜான் ஹெர்ஷேயும் 1988இல் செய்த சோதனையில், ஒரே அறுவை சிகிச்சை முடிவை மக்களிடம் மதிப்பிடச் சொன்னார்கள். நோயாளி பிழைத்தார் என்று கேட்டவர்கள் மருத்துவரின் முடிவு நல்லது என்றார்கள். இறந்தார் என்று கேட்டவர்கள் மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். மருத்துவருக்கு முடிவெடுக்கும்போது தெரிந்திருந்த தகவல்கள் இரண்டு கதையிலும் ஒன்றேதான். ஹில் அந்தப் பந்தைக் கெட்டியாகப் பிடித்திருந்தால், லூயிஸ் 15-0இலிருந்து அணியைத் தூக்கி நிறுத்திய கோச். நழுவியதால், வீரர்களைக் கட்டுப்படுத்தத் தெரியாத கோச். கடைசி அபராதங்களுக்கு ஒழுங்கின்மை காரணம் என்ற குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் குற்றம் ஜெயித்திருந்தாலும் குற்றம்தானே? அப்போது யாரும் அதைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்கள்.

கோச்சை மாற்றினால் என்ன ஆகும்? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலை வைத்து ஆட்லர், பெர்ரி, டோஹர்ட்டி என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2013இல் இதை ஆராய்ந்தார்கள். மோசமாக ஆடிய அணிகள் கோச்சை மாற்றியதால், மாற்றாத அதே மாதிரி அணிகளைவிடப் பெரிதாக ஒன்றும் முன்னேறவில்லை. நடுத்தர அணிகள் மாற்றியபோது, மாற்றாதவற்றைவிடச் சற்றுப் பின்தங்கின. புது கோச் வந்ததும் அணி எழுவதுபோலத் தெரிவதில் பெரும் பங்கு, அடிமட்டத்துக்குப் போன எதுவும் தானாகவே கொஞ்சம் மேலே வரும் என்பதுதான்.

தனிக் கதைகளோ எந்தப் பக்கமும் இழுக்கும். மார்ட்டி ஷாட்டன்ஹைமர் என்ற கோச் வழக்கமான சீசன் ஆட்டங்களில் 200 வெற்றிகள் கண்டவர், பிளேஆஃபில் 5-13. 2006இல் சான் டியாகோ சார்ஜர்ஸை 14-2 என்று கொண்டுவந்து, பிளேஆஃபின் முதல் ஆட்டத்தில் தோற்று, வேலையையும் இழந்தார். அந்த அணி லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை இன்றுவரை ஜெயித்ததில்லை. ஆண்டி ரீட் என்ற கோச் ஃபிலடெல்ஃபியாவில் பதினான்கு சீசன் இருந்தும் சூப்பர் பவுல் கைகூடவில்லை. ‘நேரத்தைக் கையாளத் தெரியாதவர்’ என்ற பட்டத்தோடு போனார். கன்சாஸ் சிட்டியில் முதல் பிளேஆஃபிலேயே 38-10 என்று முன்னிலை பெற்று 45-44 என்று தோற்றார். பிறகு பேட்ரிக் மஹோம்ஸ் என்ற குவார்ட்டர்பேக் கிடைத்தார். மூன்று சூப்பர் பவுல் வெற்றி. பெங்கால்ஸ் லூயிஸை அனுப்பிவிட்டு ஸாக் டெய்லரைக் கொண்டுவந்தது. முதல் வருடம் 2-14. புது வீரர்களில் ஒருவரை முதலில் எடுக்கும் உரிமை கடைசியில் வந்த அணிக்குத்தான்; அந்த அவமானத்தால் கிடைத்த அந்த உரிமையில் குவார்ட்டர்பேக் ஜோ பரோ வந்தார். 2022 ஜனவரியில் 31 வருடத்துக்குப் பிறகு முதல் பிளேஆஃப் வெற்றி, அடுத்த மாதம் சூப்பர் பவுல் வரை போய் அங்கே தோல்வி. இது கோச் மாற்றத்தின் வெற்றியா, தோற்றுத் தோற்று ஒரு குவார்ட்டர்பேக்கைச் சம்பாதித்ததன் வெற்றியா? இரண்டையும் பிரித்தெடுக்க வழியே இல்லை. 2023இலும் 2024இலும் அதே கோச், அதே பரோ. இரண்டு தடவையும் 9-8, பிளேஆஃபே கிடையாது.

கோச்சை மதிப்பிட வேறு இடம் இருக்கிறது: முடிவுகள் அல்ல, தீர்மானங்கள். பத்து கெஜம் முன்னேற ஓர் அணிக்கு நாலு முயற்சி. நாலாவதில் துணிந்து ஆடலாம், அல்லது பந்தை உதைத்துத் தள்ளிவிடலாம். பொருளாதார நிபுணர் டேவிட் ரோமர் 2006இல் கணக்குப் போட்டுக் காட்டினார்: துணிந்து ஆடுவதே லாபம் என்ற பல இடங்களில் கோச்கள் உதைத்துவிட்டு ஒதுங்குகிறார்கள். உதைத்துத் தோற்றால் வீரர்கள் மேல் பழி. துணிந்து தோற்றால் கோச் மேல் பழி. பலவீனமான அணிகளிடம் இந்தப் பாதுகாப்பு ஆட்டம் பெரிய சேதம் செய்யாது, சீசன் முழுக்க ஓட்டிவிடலாம். தன்னைவிட வலுவான அணியோடு ஒரே ஆட்டம் என்னும்போது கதை மாறும்; பலம் குறைந்தவருக்கு ஏற்ற இறக்கம்தான் நண்பன், அதை அவரே குறைத்துக்கொள்கிறார். ‘ஜனவரியில் கோட்டை விடுபவர்’ என்ற புகாரில் நிஜம் ஏதாவது ஒளிந்திருந்தால் அது இங்கேதான் இருக்கும் என்பது என் ஊகம். இதை அளக்க ஏழு ஆட்டம் போதாது என்ற தொல்லையும் கிடையாது. ஒரே சீசனில் இந்தத் தீர்மானம் எத்தனையோ தடவை வரும்.

அப்படித் துணிந்தவர் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் கோச் டக் பீடர்சன். 2018 பிப்ரவரி சூப்பர் பவுலில், இடைவேளைக்குச் சற்று முன் நாலாவது முயற்சியில் உதைக்காமல், குவார்ட்டர்பேக்குக்கே பாஸ் எறியும் ஒரு தந்திர ஆட்டத்தை ஆடவைத்துப் புள்ளி எடுத்தார். ஈகிள்ஸ் 41-33 என்று ஜெயித்தது. அந்தத் தீர்மானம் எடுக்கப்பட்ட கணத்தை மைதானத்துக்கு வெளியே சிலையாகவே வைத்துவிட்டார்கள். 2020 சீசனில் அணி 4 வெற்றி, 11 தோல்வி, 1 டிரா என்று முடிந்ததும், சிலையை விட்டுவிட்டு ஆளை வேலையை விட்டு எடுத்தார்கள்.